ஒன்ஸ்மோர் அண்ணனின் ஊமைப் படம்

ஒரே முகூர்த்தத்தில் ஒரே மாப்பிள்ளையை மூன்று தடவை தாலி கட்ட வைத்த மனிதர் மலேசியாவின் ஜொகூர் மாநிலத்திலேயே ஒருவர்தான். அந்த மாப்பிள்ளை நான். கெட்டிமேளம் கொட்டி, அட்சதை விழுந்து, மாமியார் கண்ணைத் துடைத்து முடித்த பிறகு கேமராவுக்குப் பின்னாலிருந்து ஒரு கை எழுந்தது.

"தம்பி, ஒரு பெரியம்மா குறுக்க வந்துட்டாங்க. முடிச்ச அவுக்க வேணாம், கைய மட்டும் மறுபடி கழுத்துகிட்ட கொண்டு போங்க. ஒன்ஸ்மோர்."

கூலாய் வட்டாரத்தில் கல்யாண வீடியோ எடுக்கும் அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று உண்டு. கடைப் பலகையில் எழுதியிருக்கிறது. அதைச் சொல்லி விசாரித்தால் யாரும் வழி காட்டமாட்டார்கள். ஒன்ஸ்மோர் அண்ணன் என்றால் வீட்டு வாசல்வரை கொண்டுபோய் விடுவார்கள்.

அவருடைய வீம்பும் ஊரறிந்தது. ஒரு முறை மாமாக் எனப்படும் தமிழ் முஸ்லிம் உணவுக்கடையில், நுரைபொங்க ஆற்றித் தரும் தே தாரேக்கில் சீனி அதிகமாகிவிட்டது. இனி இந்தப் பக்கமே வரமாட்டேன் என்று எழுந்து போனவர், ஆறு வருடமாக அந்த நடைபாதையில் கால் வைக்கவில்லை. பல் டாக்டரின் கிளினிக் அந்தக் கடைக்கு அடுத்த கதவு. பல்வலி வந்தபோது அடுத்த ஊரான செனாய்வரை போய்ப் பிடுங்கிக்கொண்டு வந்தார்.

அப்படிப்பட்டவரின் ஒரே மகள் தர்ஷினி, டாக்டருக்குப் படிக்க ரஷ்யா போனாள். மூன்றாம் வருடத்தில், மருத்துவத்தை விட்டுவிட்டேன், ரஷ்ய இலக்கியம் படிக்கிறேன் என்று போனில் சொன்னாள். அண்ணன் நேராகச் சாமி மேடைக்குப் போய்க் கற்பூரம் ஏற்றினார். "இனி அவகிட்ட ஒரு வார்த்தை பேசமாட்டேன்" என்று சொல்லி, அதைக் கையால் அடித்து அணைத்தார்.

கற்பூரம் அடித்துச் செய்த சத்தியத்தை மீறும் துணிச்சல் எங்கள் ஆட்களில் யாருக்கும் கிடையாது. மறுநாள் காலையிலேயே அவர் அதற்காக வருந்தியதை அண்ணி சொல்லித்தான் நான் அறிந்தேன். ஆனால் ஊரையெல்லாம் ஒன்ஸ்மோர் செய்ய வைத்தவருக்கு, தான் செய்ததை மாற்றத் தெரியவில்லை. ஒன்றரை வருடம் அப்படியே போனது.

பிறகு ஒருநாள் தர்ஷினி, பழைய ரஷ்யக் கவிதை ஒன்றைத் தமிழில் மாற்றி அம்மாவுக்கு அனுப்பினாள். பனி கொட்டும் ரயில் நிலையத்தில் ஒருவன் தன் காதலிக்காகக் காத்து நிற்கிறான். ரயில் வருகிறது. அவள் இறங்கவில்லை. விஷயம் அவ்வளவுதான். அண்ணி வெங்காயம் நறுக்கிக்கொண்டே அதைச் சத்தமாக வாசித்திருக்கிறார். மறுநாள் அண்ணன் என் வீட்டில் வந்து உட்கார்ந்தார்.

"தம்பி, ஷார்ட் ஃபிலிம் எடுக்கப் போறேன். அந்த ரஷ்யக் கவிததான். ஊமைப் படம்."

"ஏண்ணே ஊமைப் படம்?"

"பேசமாட்டேன்னுதானே சத்தியம் பண்ணேன்? படம் காட்டமாட்டேன்னு சொல்லலையே லா."

நான் கோயில் கமிட்டியில் இருப்பதால், இதில் தெய்வக் குற்றம் ஏதும் உண்டா என்று கேட்கத்தான் வந்திருந்தார். கமிட்டியில் நாற்காலி அடுக்குவதுதான் என் வேலை. ஆனாலும் தாராளமாக எடுக்கலாம் என்று தீர்ப்புச் சொன்னேன். அதன் பலனாகக் கதாநாயகன் வேடம் என் தலையில் விழுந்தது.

"கவிதையில வாலிபன்தானேண்ணே? எனக்கு அம்பத்தாறு ஆவுது."

"அந்த வயசுதான் வேணும். வந்து நில்லுங்க."

ரயிலுக்குப் பதில் பஸ், நிலையத்துக்குப் பதில் எங்கள் தாமான் குடியிருப்பின் பஸ் ஸ்டாப். பனிக்கும் வழி வைத்திருந்தார். எங்கள் வரிசையில் இரண்டு பேருக்கு டெங்கி வந்திருந்ததால், சாயங்காலம் கொசுப்புகை அடிக்கப்போவதாக அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். எல்லோரும் வீட்டை விட்டு விலகிப் போக, நான் மட்டும் பழந்துணிக் கடையில் எடுத்த கம்பளிக் கோட்டோடு அங்கே நின்றேன். வெள்ளை வெளேரென்று புகை வந்து தெருவை மூடியது. மூச்சு விட முடிந்திருந்தால் ரசித்திருப்பேன்.

"கட். சோகமா நிக்கச் சொன்னா இருமுறீங்களே தம்பி. ஒன்ஸ்மோர்."

புகை அடித்த மலாய்க்காரர் முகமூடியைக் கழற்றி, அக்கறையோடு, "செக்காலி லாகி, பாங்?" என்றார். இன்னொரு தடவை அடிக்கட்டுமா என்கிறார். நான் வேண்டாம் என்பதற்குள் அண்ணன் தலையாட்டிவிட்டார். இப்படி நான்கு தடவை. அதன் பிறகு ஆறு மாதம் என்னை ஒரு கொசு கடிக்கவில்லை.

பஸ் வந்தது, கதவு திறந்தது, யாரும் இறங்கவில்லை. கடைசிக் காட்சிக்கு அண்ணன் என்னிடமிருந்து கோட்டை வாங்கித் தானே மாட்டிக்கொண்டார்.

"முகம் தெரிய வேணாம், முதுகு போதும். நீங்க பட்டன மட்டும் அமுக்குங்க."

பஸ் போன பாதையைப் பார்த்தபடி அசையாமல் நின்றார். அவர் வாழ்க்கையில் ஒரே தடவையில் எடுத்த காட்சி அது ஒன்றுதான்.

படம் ஏழு நிமிடம். தன் கைப்பேசியிலிருந்து அனுப்பினால் பேசியதாக ஆகிவிடுமோ என்று பயந்து, என்னை அனுப்பச் சொன்னார். அவள் பார்த்துவிட்டாள் என்று இரண்டு நீலக் கோடு விழுந்தது. பதில் இல்லை. அந்தக் கோடுகளைப் பார்க்க மட்டும் இரண்டு நாளில் பதினோரு தடவை வந்தார்.

"பாத்துட்டு ஏன் சும்மா இருக்கா?"

"ஊமைப் படம் அனுப்புனா பதிலும் ஊமையாத்தானே வரும்" என்றேன். அவர் முகம் வாடியதைப் பார்த்ததும், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணிக்கு, பன்னிரண்டாவது தடவையாக அவர் வந்திருந்தபோது, தர்ஷினி என்னை அழைத்தாள். ஸ்பீக்கரில் போட்டேன்.

"அங்கிள், படம் பாத்தேன். நல்லா இருமுறீங்க. ஆனா எடுத்தவருக்கு எடிட்டிங் தெரியல. கடைசி ஷாட் ரொம்ப நீளம்."

எடுத்தவர் கைப்பேசியை என் கையிலிருந்து பிடுங்கினார்.

"என்ன நீளம்? கரெக்டாத்தான் இருக்கு. ஒரு மனுஷன் எவ்வளவு நேரம் நிப்பான்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"எவ்வளவு நேரம் நின்னீங்கப்பா?" என்றாள்.

அண்ணன் கைப்பேசியோடு பின்கட்டுக்குப் போய்விட்டார். நாற்பது நிமிடம் கழித்து, கண் சிவந்து, சத்தியத்துக்கும் ஒரு தீர்ப்போடு வந்தார்.

"நான் பேசமாட்டேன்னு சத்தியம் பண்ணது என் போனுக்குத்தான். உங்க போனுக்கு அது செல்லாது."

அதனால் இப்போது ஞாயிறுதோறும் ஐந்து மணிக்கு வந்துவிடுகிறார். அவருக்குச் சொந்தமாகப் போன் இல்லையா என்று என் மனைவி முணுமுணுக்கிறாள். நான் நாலு மணிக்கே என் கைப்பேசிக்கு முழுதாகச் சார்ஜ் ஏற்றி, பின்கட்டில் அவருக்கு ஒரு நாற்காலியும் எடுத்துப் போட்டுவிடுகிறேன்.