ஒற்றைவரி வதைப் படலம்

வாழ்க அக்கா! கரைபுரண்டு வரும் பத்திகளையெல்லாம் பக்கமென்னும் சிறைக்குள் அடைத்துக் காவல் நிற்கும் கோட்டைத் தலைவியே, ஓரங்கோணா வரிகளுக்கு ஒரு தனி அரசியே, இடக்கையில் தேநீர்க் குவளையும் வலக்கையில் மவுஸும் ஏந்திய இருகைத் திறலாளே, பத்தொன்பது ஆண்டுகளில் இருநூற்றுப் பதினோரு நூல்களைக் கட்டிமுடித்தும் அவற்றுள் ஒன்றிலேனும் தன் பெயர் அச்சேறக் காணாத பொறுமைக் கடலே, வாழ்க! உன் மூக்குக்கண்ணாடி வாழ்க. அதன் ஒடிந்த காதைக் கட்டியிருக்கும் கறுப்பு நூலும் வாழ்க! நீ ஒரு வரியோடு, ஒரே ஒரு வரியோடு, நண்பகல் தொட்டு மாலை ஐந்தரை மட்டும் பொருத பெருங்கதையை யாம் சொல்லப் புகுந்தோம். கேட்பவர்கள் வசதியாக உட்கார்ந்துகொள்ளுங்கள், கொஞ்சம் நேரமாகும்.

அக்கா என்றால் யாருக்கு அக்கா என்று கேட்கவேண்டாம். ஜெராக்ஸ் கடைக்கு மேலே இரண்டு அறைகளில் இயங்கிய அந்தப் பதிப்பகத்தில் முதலாளிக்கும் அவர் அக்கா, அவரைவிட ஏழு வயது மூத்த பிழைதிருத்துநருக்கும் அவர் அக்கா. அச்சகத்துக்குப் போகுமுன் புத்தகங்களைக் கணினியில் பக்கம் பக்கமாக அமைத்துக் கொடுப்பது அவர் தொழில். அத்தொழிலில் அவருக்கு ஒரு விரதம் உண்டு. எழுத்துகளைப் பார்ப்பார், படிக்கமாட்டார். வரி நேராக நிற்கிறதா, பத்தி மூச்சுமுட்டாமல் இருக்கிறதா என்பதே அவர் கவலை. உள்ளே காதலா கொலையா என்பது எழுதியவர் பாடு. படிக்க உட்கார்ந்தால் வேலை நடக்காது என்பார்.

இனி எதிரியைப் பாடுவோம். தெருவில் மூன்று கடைக்கு ஒரு கடை பெயரை மாற்றி வாலில் டாட்காம் சேர்த்துக்கொண்ட காலம் அது. இரண்டாயிரம் பிறந்ததும் கணினிகளெல்லாம் ஒருசேர மண்டையைப் போடும் என்று பயந்த உலகம், ஒன்றும் ஆகாததால் கொஞ்சம் ஏமாந்தும் போயிருந்த காலம். அக்காலத்தே, பகலில் மென்பொருள் எழுதி, விடுமுறையில் இலக்கியம் எழுதி, இரண்டையும் ஒரே மொழியில் எழுதிய நாவலாசிரியர் ஒருவர் தோன்றினார். 'இணைப்பு துண்டிக்கப்பட்டது' என்பது அவர் நாவல். அதில் நாயகியின் இதயத்தைச் சுற்றி ஃபயர்வால் இருந்தது. நாயகன் பெருமூச்சு விட்டால் பேண்ட்வித் குறைந்தது. காதலி கண்ணைச் சிமிட்டினால் ரெஃப்ரெஷ், அழுதால் ஓவர்ஃப்ளோ, அப்பாவைக் கூட்டிவந்தால் வைரஸ். கணினிச் சொல் ஓய்ந்த இடத்தில் சினிமா வந்தது. கறுப்புக் கண்ணாடியைத் தூக்கிப்போட்டு மூக்கில் பிடிக்கும் நட்சத்திரம் நான்கு இடத்திலும், ஒன்பது மணித் தொடரின் கண்ணுருட்டும் மாமியார் ஆறு இடத்திலும், சோப்பு விளம்பரப் பாட்டு ஓரிடத்தில் முழுதாகவும் வந்தன. நாவல் என்றால் அத்தியாயம் இருக்கும் என்று நினைப்பவர்கள் ஏமாறுக. டேட்டா போல இடைவிடாமல் ஓடவேண்டும் என்று முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை அதை ஒரே மூச்சில் ஓடவிட்டிருந்தார். இந்த ஒரு காரியம்தான் அத்தனை வினைக்கும் வித்து.

அச்சுலகின் அசையாச் சட்டம் ஒன்றையும் இங்கே அறிக. பெரிய தாளில் பதினாறு பக்கம் அச்சாகும்; அதை மடித்தால் ஒரு ஃபாரம். புத்தகம் பதினாறு பதினாறாகத்தான் வளரும், நடுவில் ஒன்றிரண்டாக வளராது. இந்நாவலுக்குப் பதினாறு ஃபாரம், இருநூற்று ஐம்பத்தாறு பக்கம் என்று தாளும் வெட்டி அடுக்கியாயிற்று. இருநூற்று ஐம்பத்தைந்தாம் பக்கத்தின் அடிவரியில் நாவல் முடியும். இருநூற்று ஐம்பத்தாறில், பக்கம் முழுவதையும் அடைத்துக்கொண்டு, நன்றியுரை.

அந்த நன்றியுரையில்தான் அக்காவின் உயிர் இருந்தது. ஏனெனில் அதன் கடைசி வரி, 'இப்பக்கங்களை அழகுற அமைத்துத் தந்த' என்று தொடங்கி, அக்காவின் பெயரை, தலைப்பெழுத்தோடு, பிழையில்லாமல் சொல்லி முடிந்தது. அன்று காலையில் அதைக் கண்ட அக்கா தம் விரதத்தை முறித்துப் படித்தார். மறுபடி படித்தார். தங்கைக்குத் தொலைபேசினார். தங்கை உடனே ஐந்து பிரதி எடுத்துவைக்கச் சொன்னாள். மணி பன்னிரண்டு வரை வையகத்தில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

நண்பகலில் நாவலாசிரியர் வந்தார். கையில் ஒரு துண்டுச்சீட்டு. நாற்பத்தொன்றாம் பக்கத்தில் நாயகனின் மோடம் இணையத்தைத் தேடி அலறும் ஓசையில் பதினொரு 'ர்' விட்டுப்போயிருந்ததாம். 'கிர்ர்ர்' என்பது போதாதாம். அக்கா பதினொரு 'ர்'களையும் சேர்த்தார். சேர்த்த மாத்திரத்தில் அந்த வரி தளும்பி அடுத்த வரியில் விழ, அடுத்த வரி அதற்கடுத்ததைத் தள்ள, பந்திக்கு முந்தும் கூட்டம் போல வரிமேல் வரி முட்டிமோதி, இருநூற்றுப் பதினான்கு பக்கங்களையும் கடந்துபோய், நாவலின் ஈற்றுவரி ஒன்றை இருநூற்று ஐம்பத்தாறாம் பக்கத்தின் உச்சியில் கொண்டுபோய் உட்காரவைத்தது. அங்கே குடியிருந்த நன்றியுரை இருநூற்று ஐம்பத்தேழாம் பக்கத்துக்குப் போயிற்று. அப்படி ஒரு பக்கம் உலகத்திலேயே கிடையாது.

அந்நேரம் பார்த்துத் தொலைபேசி முழங்கியது. எந்திரங்களின் அதிபதி, மை தோய்ந்த விரலோன், அச்சகத்து அண்ணன் ஆணையிட்டருளினார்:

"அஞ்சரைக்குள்ள ஃபைல் கைக்கு வரணும். வரலைன்னா காலண்டர் வேலைய மெஷின்ல ஏத்திருவேன். அப்புறம் மூணு வாரத்துக்கு என்னை யாரும் கேக்கக் கூடாது, சொல்லிட்டேன்."

நாவலாசிரியர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் சரிந்தார். "மூணு வாரமா? அதுக்குள்ள அடுத்த வெர்ஷன் வந்துருமே! என் நாவல் சரித்திர நாவல் ஆயிருமேங்க!" என்று அவர் புலம்பிய புலம்பலில் கீழ்க்கடை ஜெராக்ஸ் எந்திரமே ஒரு கணம் தாள் சிக்கி நின்றது. அவர் பயம் பொய்யில்லை. அந்த நாவலில் இருந்த சொற்களில் பாதி தயிரைப் போல. இரண்டு நாள் தாண்டினால் புளித்துவிடும்.

எழுந்தாள் திறலாள். வழிந்த வரியை யாரும் வெட்டுவதில்லை. முன்னே எங்கேயாவது ஒரு வரி இடம் பண்ணி அதை உள்ளே இழுத்துக்கொள்வதே பக்கம் கட்டுவோர் குலமரபு. ஆகவே முதற்போர் நாற்பத்தொன்றாம் பக்கத்தில் மூண்டது. "சார், பதினொண்ணுல ஒரு நாலு 'ர்' எடுத்துட்டா போதும்" என்று அக்கா தூதுமொழி உரைத்தார். நாவலாசிரியர் எழுந்து நின்று, கண் சிவந்து, மீசை துடிக்க (மீசை கிடையாது, இருந்தால் துடித்திருக்கும்) மறுமொழி பகர்ந்தார்:

"ஒவ்வொரு 'ர்'ரும் என் மோடம் பக்கத்துல உக்காந்து எண்ணி எழுதினது! நாலு 'ர்' குறைஞ்சா லைன் கிடைக்காதுங்க, நாயகன் ஆன்லைனே வரமாட்டான்!"

முதற்போர் முறிந்தது. இரண்டாம் போர் நூற்றுப் பதினெட்டாம் பக்கத்துக் கறுப்புக் கண்ணாடியின்மேல் தொடுக்கப்பட்டது. நான்கு கண்ணாடியில் ஒன்றைக் கழற்றுங்கள் என்று அக்கா மன்றாட, என்ன அதிசயம், நாவலாசிரியர் இசைந்தார்! தம் கையாலேயே அவ்வரியை அடித்தார். பிறகு, கண்ணாடி போனதால் நாயகன் லிஃப்டைவிட்டு இறங்கும்போது தலையைச் சிலுப்புவது ஏன் என்று வாசகருக்கு விளங்காதே என்று கவலைப்பட்டு, அடிக்குறிப்பு ஒன்று எழுதினார். அடிக்குறிப்பு மூன்று வரி. ஒன்றாயிருந்த வழிந்த வரி இப்போது மூன்றாயிற்று. மாமியார்களை வெட்டப் போன இடத்திலும் இதே கதைதான். ஒரு மாமியார் போனால் இரண்டு அடிக்குறிப்பு முளைத்தது. மூன்று மணிக்கு வழிந்த வரிகள் ஒன்பது. அக்கா கண்ணாடியையும் மாமியார்களையும் அவரவர் இடத்திலேயே திரும்ப வைத்து, பழையபடி ஒற்றை வரிக்கு வந்து சேர்ந்தார்.

மூன்றாம் போரில் அக்கா ஆட்களைக் கெஞ்சுவதை விட்டு எழுத்துகளையே நெருக்கத் தொடங்கினார். சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே மயிரிழை மயிரிழையாக இடம் குறைத்து அவர் முன்னேற, நூறு பக்கம் பணிந்தது, நூற்றைம்பது பக்கம் பணிந்தது. கணினி பணியவில்லை. திரையில் மணற்கடிகை தோன்றி நின்றது. அது கால்மணி நேரம் நின்றது. தொழிலால் மென்பொருளாளரான நாவலாசிரியர் கிட்டே வந்து, குனிந்து பார்த்து, தலையை ஆட்டி, பட்டப்படிப்பும் பதினோரு ஆண்டு அனுபவமும் தந்த மறைமொழியைத் திருவாய் மலர்ந்தார்: "ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்களேன்." அக்கா அவரை ஒருமுறை பார்த்தார். பெட்டியின் இடப்பக்கத்தில் உள்ளங்கையால் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். கணினிக்கு உயிர் வந்தது. நெருக்கிய நூற்றைம்பது பக்கங்கள்தான் பழைய நிலைக்கே போய்விட்டன.

மணி ஐந்து. முதலாளி இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, உள்ளே வரத் துணிவில்லாமல் போய்விட்டார். அப்போதுதான் நாவலாசிரியர் வாயில் அந்தக் கொடுஞ்சொல் பிறந்தது.

"பேசாம அந்த நன்றிப் பக்கத்தைத் தூக்கிருங்களேன். அதையெல்லாம் யார் படிக்கப்போறா?"

ஒளிப்பானேன், அக்காவுக்கு அழுகையே வந்தது. காலையில் தங்கையிடம் சொன்ன வாய் இன்னும் ஈரம் காயவில்லை. பத்தொன்பது வருடம், இருநூற்றுப் பதினோரு புத்தகம், யார் யார் பெயரையோ எத்தனை நேராக நிமிர்த்தி நிறுத்தியிருப்பார்! ஆயினும் பெருவீரர் தம் புண்ணைக் காட்டிப் போர் செய்வதில்லை. குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு ஒரே ஒரு கணை எய்தார்.

"தூக்கிரலாம் சார். உங்க வீட்டம்மா பேரும் அதுலதான் இருக்கு. பரவாயில்லையா?"

கணை தைத்தது. நாவலாசிரியரின் முகத்திலிருந்த இரத்தம் வடிந்தோடி எங்கோ காலுக்குப் போய்விட்டது. "ஐயையோ, வேண்டாம், வேண்டாம்" என்றபடி அவர் முகம் கழுவப் பின்கட்டுக்கு ஓடினார்.

களத்தில் அக்கா தனித்து நின்றார். எதிரே திரையில் அந்த ஒற்றை வரி, காலி வெண்பரப்பின் உச்சியில், நான் இங்கேதான் இருப்பேன் என்று கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தது. ஐந்து மணி நேரமாக அதற்கு இடம் தேடி இருநூற்று ஐம்பத்தைந்து பக்கமும் அலைந்தவர், அப்படி அது என்னதான் சொல்கிறது என்று பார்க்கவில்லையே என்று அப்போதுதான் நினைத்தார். அன்றைக்கு இரண்டாம் தடவையாக விரதம் முறிந்தது. அக்கா படித்தார்.

'அவன் மனம் என்ற சர்வரில் இனி யாரும் லாக்-இன் செய்யமாட்டார்கள்.'

உதட்டைப் பிதுக்கினார். அதற்கு முந்தின வரியையும் படித்தார். 'அவன் கணினியை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போனான்.' இதை இரண்டு தரம் படித்தார். கண்ணில் பட்டவரை முழு நாவலிலும் ஒரு வேலைவெட்டியும் இல்லாத அந்தப் பையன், ஒருவழியாக வீட்டுக்குப் போகிறான். சாப்பிட்டுவிட்டுத் தூங்குவான். அக்காவுக்கு அவன்மேல் முதன்முதலாக ஒரு பிரியம் வந்தது.

திசைகள் எட்டும் மூச்சடக்கின. மின்விசிறி மட்டும் கிரீச்சிட்டது. குலமரபு ஒரு பக்கம் இழுக்க, தலைப்பெழுத்தோடு கூடிய தம் பெயர் மறுபக்கம் இழுக்க, நூல் கட்டிய மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, யுகம் யுகமாய் எழுத்துண்ணும் அந்த டிலீட் என்னும் கட்டையின்மேல் அக்கா ஆள்காட்டி விரலை வைத்தார். அழுத்தினார். சர்வர் சாய்ந்தது. லாக்-இன் மாய்ந்தது. நன்றியுரை தாய்வீடு திரும்பும் பெண்ணைப் போல் இருநூற்று ஐம்பத்தாறாம் பக்கத்துக்கு வந்து சேர்ந்தது.

துடைக்காத முகத்தோடு திரும்பிவந்த நாவலாசிரியரின் கையில் அக்கா கடைசிப் பக்கத்தின் பிரதியைக் கொடுத்தார். கொடுத்துவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டார். கண்டுபிடித்தால் வரியும் திரும்ப வரும், வசவும் கூட வரும். அவர் வாய்விட்டுப் படித்தார். அடிவரிக்கு வந்தார். நின்றார். தாளைத் திருப்பிப் பார்த்தார், பின்பக்கம் ஒன்றுமில்லை. மறுபடி அந்த அடிவரியைப் படித்தார், இந்த முறை மெதுவாக. முகத்துத் தண்ணீரோடு கண்ணிலிருந்தும் ஏதோ சேர்ந்து வடிந்தது.

"இத நானா எழுதுனேன்?" என்றார்.

"பின்ன நானா சார் எழுதுனேன்?" என்றார் அக்கா.

"எவ்வளவு சாதாரணமா முடியுது பாருங்க. எனக்கே இப்பத்தான் உறைக்குது." தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, அதன்மேல் கையையும் வைத்துக்கொண்டார். "இனிமே ஒரு எழுத்துகூடத் தொடாதீங்கக்கா. அப்படியே அனுப்பிருங்க."

ஐந்து இருபத்தெட்டுக்கு ஃபைல் அச்சகம் சேர்ந்தது. காலண்டர்கள் தோற்றோடின. புத்தகம் வெளிவந்தபின் மதிப்புரை எழுதியவர்கள் நால்வரும், தொழில்நுட்பச் சொற்காட்டின் நடுவே ஆசிரியர் தம்மைத்தாமே துறந்து எய்திய அந்த எளிய ஈற்றடியைப் போற்றினார்கள். கூட்டமொன்றில் நாவலாசிரியரே அதற்கு முக்கால் மணி நேரம் விளக்கமும் அளித்தார். இவையெல்லாம் பின்னால் விளைந்தவை. வெற்றி வாய்த்த அந்த மாலையில் முரசு அறையவில்லை, சங்கு ஊதவில்லை, பூமாரி பொழியவில்லை, குன்றெனத் தாள் குவிந்த மேசைமேல் குளிர்ந்த தேநீர்க் குவளை ஒன்றே எஞ்சியிருக்க, முப்பத்திரண்டு பற்களில் ஒன்றும் தெரியாமல் உள்ளுக்குள்ளேயே சிரித்துக்கொண்டு, நன்றியுரையின் கடைசி வரியைக் கடைசியாக ஒருமுறை பார்த்துவிட்டு, ஒற்றைவரி செற்ற கொற்றவை, பக்கம் காத்த பாவை, தலைப்பெழுத்து மீட்ட தலைவி எழுந்தாள்.

அக்கா கணினியை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போனார்.