நோட்டிஃபைடு பாடி வருகிறது

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. புதிதாக ஓர் ஆங்கில வார்த்தையைக் கற்றுக்கொண்டால், அதைப் பத்துப் பேரிடம் சொல்லிக் காட்டாமல் சோறு இறங்காது. (என் மனைவி கவிதா இதை வியாதி என்பாள். நான் இன்னும் பழக்கம் என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.) அந்தப் பழக்கத்தால் ஒருமுறை, உயிரோடு இருந்த ஒரு வெள்ளைக்காரருக்கு அவர் கண் முன்னாலேயே இழவு நடத்தி வைத்தேன்.

ஷார்ஜா தொழில்பேட்டையில், குப்பையை அழுத்தி ஏற்றும் லாரிகளுக்குப் பாடி கட்டும் ஒர்க்‌ஷாப்பில் நான் குவாலிட்டி இன்ஜினியர். சொந்த ஊர் திருச்செங்கோடு. எங்கள் பக்கத்தில் பாடி என்றால் முதலில் ஞாபகம் வருவது லாரிதான். வளைகுடாவுக்கு வந்த பிறகு அந்த வார்த்தையின் இன்னோர் அர்த்தம்தான் அதிகம் காதில் விழுந்தது. பாடி கிளியர் ஆயிடுச்சா, பாடி எந்த ஃப்ளைட்டில் போகுது, ஊரில் யார் வந்து வாங்குறாங்க என்று மாதத்துக்கு ஒரு தடவையாவது யாராவது பேசிக்கொள்வார்கள். ஆக, எங்கள் ஒர்க்‌ஷாப்பில் பாடிக்கு இரண்டு அர்த்தம். மூன்றாவதைக் கொண்டுவந்து சேர்த்த புண்ணியவான் நான்.

துபாயில் ஒரு பெரிய ஹோட்டலில் ஒருநாள் கருத்தரங்கு நடந்தது. ஐரோப்பாவில் இயந்திரங்களுக்கான சட்டம் மாறுகிறது, அங்கே விற்க நினைக்கிறவர்கள் எல்லோரும் தெரிந்துகொள்ளுங்கள் என்று அங்கிருந்து வந்த பொறியாளர்கள் பாடம் நடத்தினார்கள். பழைய டைரக்டிவ் போய் ரெகுலேஷன் வருகிறது, மென்பொருளுக்கும் கணக்கு கேட்பார்கள், இரும்பை உருக்கும்போது எவ்வளவு புகை விட்டாய் என்றுகூடக் கேட்பார்கள் என்றார்கள். ஒவ்வொரு ஸ்லைடு மாறும்போதும் என் பயம் ஏறிக்கொண்டே போனது. ஆபத்து அதிகமுள்ள சில இயந்திரங்களுக்கு நாமே சான்று எழுதிக்கொண்டால் போதாது, வெளியிலிருந்து அங்கீகாரம் பெற்ற ஒரு சோதனை நிறுவனம் வந்து பார்க்க வேண்டும், அதன் பெயர் 'நோட்டிஃபைடு பாடி' என்று சொன்னபோது மட்டும் எனக்குப் பயம் போய்ப் பரவசம் வந்துவிட்டது. என்ன ஒரு வார்த்தை. மறுநாளிலிருந்து டீ குடிக்கும்போதுகூட அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பரவசத்துக்குப் பின்னால் ஒரு பெரிய பயம் இருந்தது. என் மகள் யாழினிக்கு அப்போது ஒன்றரை வயது. அவளை நான் நேரில் பார்த்தது ஒரே ஒரு லீவில். கவிதாவையும் அவளையும் இங்கே கூட்டிவர ஃபேமிலி விசா வேண்டும். அதற்கு என் சம்பளம் பற்றாது. எங்கள் குப்பை லாரியை வாங்க ஐரோப்பாவில் ஒரு சிறு நகராட்சி முன்வந்திருந்தது. "சர்டிஃபிகேட் வரட்டும், சம்பளத்தை ஏத்திடலாம்" என்று மேனேஜர் சொல்லியிருந்தார். ஆகவே அந்த நோட்டிஃபைடு பாடி ஒரு கையெழுத்துப் போட்டால்தான் என் மகள் என் மடியில் உட்காருவாள். கவிதா தினமும் போனில், சாப்பிட்டாச்சா என்று கேட்பதற்கு முன்னால், சர்டிஃபிகேட் வந்தாச்சா என்று கேட்டாள்.

ஒரு புதன்கிழமை மத்தியானம். நான் அபுதாபியில் ஒரு வால்வு சப்ளையரின் வாசலில் நிற்கிறேன். மெயில் வருகிறது: ஆய்வாளர் அடுத்த வாரம் வருவதாக இருந்தது, நாளைக் காலையே வருகிறார். பெயர் மார்ட்டின். பாஸ்போர்ட் நகலும் போட்டோவும் இணைத்திருந்தார்கள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. உடனே ஒர்க்‌ஷாப் வாட்ஸ்அப் குரூப்பில் அவை இரண்டையும் அனுப்பிவிட்டு ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டேன். அதை இன்றைக்கும் என் போனில் வைத்திருக்கிறேன், திமிர் ஏறும்போது கேட்டுக்கொள்ள.

"மன்சூர் பாய், நோட்டிஃபைடு பாடி நாளைக்குக் காலையில ஏர்போர்ட்டுல வந்து எறங்குதுங்க. நீங்க போயி எடுத்துக்கிட்டு நேரா ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டாந்துருங்க. ஆறுமுகண்ணா, மெஷினை எல்லாம் நிறுத்திப்போடுங்க. எல்லாரும் சுத்தமாத் துணி போட்டுக்கிட்டு வரிசையா நில்லுங்க. ஒரு சத்தம் வரக்கூடாது. போட்டோ அனுப்பியிருக்கறன், பெருசா பிரிண்ட் போட்டு வாசல்ல வெச்சிருங்க. வேற எதுவும் இப்பப் பேச முடியாதுங்க, மனசு சரியில்லை."

(கடைசி வரி பதற்றத்தில் வந்தது. அதுதான் எல்லாவற்றையும் உறுதி செய்துவிட்டது என்று பிற்பாடு சொன்னார்கள்.)

மன்சூர் பாய் கீழக்கரைக்காரர். கம்பெனியின் விசா வேலை, லைசென்ஸ் வேலை, ஏர்போர்ட் வேலை எல்லாம் அவர்தான். ஆறுமுகம் அண்ணன் எங்கள் ஃபோர்மேன், அறந்தாங்கிப் பக்கம். இருவரும் உட்கார்ந்து என் மெசேஜை மூன்று தடவை கேட்டிருக்கிறார்கள். லாரி பாடி என்றால் பாஸ்போர்ட் எதற்கு என்று பாய் கேட்டாராம். அதற்கு மேல் சந்தேகத்துக்கு இடமே இல்லை. ஐரோப்பாவிலிருந்து ஏன் இங்கே வருகிறது என்பதற்கும் வெல்டிங் செக்‌ஷனில் ஒருவர் காரணம் கண்டுபிடித்துவிட்டார். நம் லாரிக்கு ஆர்டர் கொடுத்த துரை இவர்தான், லாரியைப் பார்க்காமலே போய்ச் சேர்ந்துவிட்டார், கடைசி ஆசையாகக் கொண்டுவருகிறார்கள். ஐயோ பாவம் என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள்.

வியாழக்கிழமை காலை, பைண்டிங்குக்குக் கொடுத்திருந்த ஃபைல்களை வாங்கிக்கொண்டு டாக்ஸியில் வருகிறேன். பாயிடமிருந்து போன்.

"தம்பி, கார்கோவுல ரெண்டு மணி நேரமா நிக்கிறேன். பாடி எதுவும் வரலங்கிறான். ஏர்வே பில் நம்பர் கேக்குறான்."

"கார்கோவுல எதுக்குங்க நிக்கறீங்க? ஆளுங்க வெளிய வர்ற அரைவல்ல போயி நில்லுங்க பாய்."

"பாடி எப்படி தம்பி அரைவல்ல வரும்? நடந்தா வரும்?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பதில் சொல்வதற்குள் டாக்ஸி ஒர்க்‌ஷாப் வாசலில் நின்றுவிட்டது.

இருபத்து மூன்று பேர், குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, நெஞ்சில் கறுப்பு டேப்பு ஒட்டி, இரண்டு வரிசையாக நிற்கிறார்கள். இன்சுலேஷன் டேப்பு. நடுவில் ஒரு மேஜை, வெள்ளைத் துணி. அதன்மேல் மார்ட்டின், பாஸ்போர்ட் போட்டோவைப் பெரிதாக்கியதால் கொஞ்சம் மங்கலாக, சாமந்தி மாலைக்குள்ளிருந்து பார்க்கிறார். முன்னால் காமாட்சி விளக்கு. வாழைப்பழத்தில் குத்திய ஊதுபத்தி. அதைப் பார்த்தபோது என் ஃபேமிலி விசாவுக்குத்தான் ஊதுபத்தி எரிகிறது என்று தோன்றியது.

"எல்லாத்தையும் எடுங்க, எடுங்க" என்று போட்டோவை நோக்கி ஓடினேன். ஆறுமுகம் அண்ணன் என்னைக் கட்டிப்பிடித்து, "மனசத் தேத்திக்கப்பா" என்று முதுகைத் தடவினார். உதறிக்கொண்டு திரும்பினால், எனக்குப் பின்னால் இன்னொரு டாக்ஸி. ஏர்போர்ட்டில் யாரையும் காணாமல் மார்ட்டின் தானாகவே வந்து இறங்கிக்கொண்டிருந்தார்.

அவர் மேஜையைப் பார்த்தார். போட்டோவைப் பார்த்தார். இது நான்தானே என்று கேட்டார். ஆமாம் சார் என்றேன். பிறகு, எங்கள் ஊரில் முக்கியமான விருந்தாளியை இப்படித்தான் வரவேற்போம் என்று ஒரு பொய்யை அவிழ்த்துவிட்டேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. கைகளைக் கூப்பினார்.

செத்தவர் நடந்து வந்ததற்கு எங்கள் ஆட்கள் பயந்து ஓடுவார்கள் என்றுதான் நினைத்தேன். ஓடவில்லை. துரையின் கூடப்பிறந்தவர் பாடியோடு வந்திருக்கிறார், ரெட்டைப்பிள்ளை போல என்று அவர்களாகவே முடிவு செய்துகொண்டார்கள். ஆறுமுகம் அண்ணன் முன்னால் வந்து, மார்ட்டினின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு தலை குனிந்து நின்றார். துக்கம் விசாரிக்கிறார். அவருக்குப் பின்னால் இருபத்திரண்டு பேரும் வரிசையாக வந்து கையைப் பிடித்தார்கள். மார்ட்டின் ஒவ்வொருவருக்கும் நன்றி சொன்னார். இவ்வளவு மரியாதையை எந்த நாட்டிலும் பார்த்ததில்லை என்று என்னிடம் சொன்னார். நான் தலையை ஆட்டிக்கொண்டே, எல்லாக் குலதெய்வத்தையும் ஒரே நேரத்தில் கும்பிட்டேன்.

இப்படியே ஒப்பேற்றிவிடலாம் என்ற நம்பிக்கையில் அவரை லாரிக்குக் கூட்டிப்போனேன். அங்கேயும் ஒரு பெரிய மாலை. லாரியின் பின்பக்கத்தில் மாலை மாட்ட வாகாக நீட்டிக்கொண்டிருந்தது ஒரே ஒரு சிவப்புப் பொத்தான்தான். ஆளோ கையோ மாட்டிக்கொண்டால் எல்லாவற்றையும் நிறுத்துவதற்கான பொத்தான். ஐரோப்பாவின் சட்டம் முழுவதும் எதற்காக எழுதப்பட்டதோ, அது சாமந்திக்குள் மூச்சுத் திணறிக்கொண்டிருந்தது. மார்ட்டின் மாலையை ஒரு விரலால் விலக்கிப் பார்த்தார். பேனாவை எடுத்தார்.

அந்த நேரம் பார்த்து மன்சூர் பாய் வியர்வையோடு உள்ளே வந்தார். துரையின் தம்பி வந்திருக்கிறார் என்று வாசலிலேயே யாரோ அவரிடம் சொல்லிவிட்டார்கள். நேராக மார்ட்டினிடம் போய், உங்கள் அண்ணன் பாடியைத் தேடாத இடமில்லை, கார்கோவில் எங்கோ மாறிப்போய்விட்டது, கவலைப்படாதீர்கள், எப்படியும் கண்டுபிடித்துவிடுவேன் என்று தன் ஆங்கிலத்தில் அழுத்தமாகச் சொன்னார். யாருடைய பாடி என்று கேட்டார் மார்ட்டின். பாய் கையிலிருந்த பாஸ்போர்ட் நகலை நீட்டினார்.

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வேறு வழியில்லை. வார்த்தையை, வாய்ஸ் மெசேஜை, வரவேற்பு என்று சொன்ன பொய்யை, ஒன்றையும் விடவில்லை. யாழினிக்குப் பள்ளிக்கூடம் சேர்க்கும் வயது வரும்வரை நான் கட்டில் மட்டும் வாடகைக்குக் கிடைக்கும் பெட்ஸ்பேஸில்தான் படுக்கப்போகிறேன் என்று அந்த இடத்திலேயே முடிவு செய்துவிட்டேன்.

மார்ட்டின் சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. ஆறுமுகம் அண்ணனைக் காட்டி, முன்பின் தெரியாத ஒருவனுக்காக இவர்கள் எதற்கு இத்தனை செய்தார்கள் என்று கேட்கச் சொன்னார். கேட்டேன். அண்ணனுக்கு அப்போதுதான் விஷயம் முழுசாகப் புரிந்தது. நெஞ்சிலிருந்த டேப்பைப் பிய்த்துக் கையில் உருட்டிக்கொண்டே சொன்னார்.

"நான் இந்த ஊருக்கு வந்து நாலு பேர அனுப்பியிருக்கேன்ப்பா. பெட்டியில போட்டு ஒட்டி அனுப்புறதோட சரி. நின்னு ஒரு மால போட நேரமிருந்ததில்ல. ட்யூட்டிக்கு வேன் வந்துரும். இவரு நம்மகிட்ட வர்றாருன்னதும், இவருக்காவது செய்வோம்னு செஞ்சோம்."

அதை நான் ஆங்கிலத்தில் சொல்லத் தொடங்கிப் பாதியில் நிறுத்திவிட்டேன். மீதியைச் சொன்னபோது மார்ட்டின் பேனாவைச் சட்டைப் பையில் செருகினார். பிறகு ஆறுமுகம் அண்ணனின் கையை இந்தத் தடவை அவர் போய்ப் பிடித்துக்கொண்டார்.

அதற்காகச் சட்டத்தில் சலுகை கிடைத்துவிடும் என்று நினைக்கவேண்டாம். உட்கார்ந்து எழுதினார். 'அவசர நிறுத்தப் பொத்தான் பூக்களால் மறைக்கப்பட்டிருந்தது. தொழிலாளர்களுக்கு அதன் பயன் விளக்கப்படவில்லை.' இரண்டாவது வாக்கியம் எனக்கு. கருத்தரங்கில் கற்றதைப் பத்துப் பேரிடம் சொல்லிக் காட்டினேனே தவிர, ஒருவருக்கும் சொல்லிக் கொடுக்கவில்லை. இரண்டு மாதம் உட்கார்ந்து, அந்தப் பொத்தான் எதற்கு, யார் கை மாட்டினால் யார் அழுத்தவேண்டும் என்று தமிழிலும் இந்தியிலும் எல்லோருக்கும் விளக்கினேன். ஓர் ஆங்கிலச் சொல்கூடப் போடாமல் பேசிப் பழகினேன். மார்ட்டின் மறுபடி வந்தார், கையெழுத்துப் போட்டார். போகும்போது அந்தப் போட்டோவைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார், மாலை இல்லாமல்.

அன்று மாலையே கவிதாவுக்குப் போன் போட்டு, சர்டிஃபிகேட் வந்தாச்சு என்றேன். அதன்பிறகுதான் அவள், சாப்பிட்டாச்சா என்று கேட்டாள். அடுத்த மாதத்தில் ஒருநாள் ஷார்ஜா ஏர்போர்ட்டின் அரைவலில் அவர்கள் இருவரும் வந்து இறங்கினார்கள். யாழினி என்னைப் பார்த்து அழுதுவிட்டு மன்சூர் பாயிடம் தாவினாள்.

மார்ட்டின் இப்போதும் எங்கள் லாரிகளைப் பார்க்க வருகிறார். வருவதற்கு முன்னால் அனுப்பும் மெயிலில் தேதி, விமான எண், அதன்கீழே பாய் கற்றுக்கொடுத்த ஒரே ஒரு தமிழ்ச் சொல்: 'உயிரோட'. அந்தக் கதையைக் கேட்டதிலிருந்து கவிதாவும் அதைப் பிடித்துக்கொண்டாள். டிராஃபிக்கில் மாட்டி நான் பத்து நிமிஷம் தாமதித்தால் போன் வந்துவிடும். "பாடி எங்க இருக்குது? உயிரோடதானுங்க வருது?" என்பாள். பின்னால் யாழினி விழுந்து விழுந்து சிரிப்பது கேட்கும். கவிதாவும் சிரித்துக்கொண்டுதான் கேட்கிறாள். ஆனால், வந்துகொண்டிருக்கிறேன் என்று நான் வாயைத் திறந்து சொல்லும்வரை அவள் போனை வைப்பதில்லை.