மாதாவுக்குப் போன மாலைகள்

வெள்ளிக்கிழமை பின்னேரம் ஹென்றி குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து, பாரை மீனை வெளியே எடுத்து வைத்துவிட்டு, அந்த இடத்தில் ரோசாப்பூ மாலையைச் சுருட்டி வைத்தார்.

"மீனை எங்கை வைக்கிறது?" என்றாள் மாக்கிரட்.

"ஒரு நாளைக்குப் பொறும். நாளைக்கு டினோ பந்து பிடிப்பான்."

"மூண்டு கிழமையா இதைத்தான் சொல்லுறியள்."

மகன் டினோஜன் கல்லூரி அணியில் ஃபுட்போல் ஆடுகிறான். காலால் உதைக்கிற ஆட்டம் அல்ல. தலைக்கவசம் போட்டுக்கொண்டு, முட்டை வடிவப் பந்தை ஒருவன் எறிய, இன்னொருவன் பிடித்து, யாரும் விழுத்த முன்னர் கடைசிக் கோட்டைத் தாண்டி ஓடுகிற ஆட்டம். பந்தை முன்னே கொண்டுபோகிறவர்களுக்கு ஒஃபென்ஸ் என்று பெயர். எறிகிறவன் கர்க்லாண்டில் இருக்கிற நகுலேஸ்வரனின் மகன் அனுஜன். பிடிக்க வேண்டியவன் டினோ. ஹென்றிக்கு இந்த ஆட்டத்தில் தெரிந்தது அவ்வளவுதான்.

ஓகஸ்டில் நடந்த முதல் ஆட்டத்தில் டினோ பந்தைப் பிடித்துக் கோட்டைத் தாண்டினான். உடனே ஹென்றி மைதானத்துக்குள் இறங்கினார். பார்க் எக்ஸ்டென்ஷன் பூக்கடையில் கட்டுவித்த மாலையை மகனின் தலைக்கவசத்துக்கு மேலால் போட்டு, பொன்னாடை போர்த்தி, பன்னீரும் தெளித்தார். நடுவர்கூடத் தன் பங்குக்கு, யாராவது பிழை விட்டால் போடுகிற மஞ்சள் துணியை எடுத்து நிலத்தில் போட்டார். அந்தப் படம் இப்போது வரவேற்பறையில் தொங்குகிறது.

அன்றோடு ஒஃபென்ஸ் படுத்துவிட்டது. டினோவின் பக்கம் பந்தே வரவில்லை. சூட்டப்படாத மாலைகள் எல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டிலிருந்த மடு மாதாவின் சுரூபத்துக்குப் போயின.

"மாதாவுக்கு இந்த வருசம் நல்ல சீசன்" என்றாள் மாக்கிரட்.

ஹென்றிக்குச் சிரிப்பு வரவில்லை. கடைசி ஆட்டத்தைப் பார்க்க ஒரு பல்கலைக்கழகத்தின் பயிற்சியாளர் வருகிறார். அவர் கண்ணில் பட்டால் டினோவுக்கு அந்த அணியில் இடம். முதல் ஆட்டத்துக்குப் பிறகு ஒரு பந்துகூடப் பிடிக்காதவனை அவர் ஏன் பார்க்கப்போகிறார்? யாரிலோ பிழை இருக்கிறது. அந்த ஆளைக் கண்டுபிடித்தாக வேண்டும்.

முதலில் கோச்சைப் பிடித்தார். கோச் செர்ஜ், மாக்கிரட்டின் மீன் கட்லட்டை இரண்டு கடியில் முடித்துவிட்டுக் கையை விரித்தார். பயிற்சியில் பெடியன்கள் பறக்கிறார்களாம். டினோ பத்துக்கு ஒன்பது பந்து பிடிக்கிறானாம். சனிக்கிழமை வந்தால் மட்டும் என்ன நடக்கிறது என்று அவருக்கும் விளங்கவில்லையாம்.

கோச்சில் பிழை இல்லையென்றால் எறிகிறவனில்தான் பிழை. ஹென்றிக்கு அனுஜனின் அப்பாவோடு இருந்த ஒரு பழைய கோபம் நினைவுக்கு வந்தது. தொலைபேசியை எடுத்தார்.

"நகுலேஸ், நான் ஹென்றி. அந்த வொலிபோல் பந்து..."

"எந்தப் பந்து?"

"போன வருசம் ஊர் ஒன்றுகூடலிலை நீர் அடிச்சது. நான் வெளியிலை எண்டு தீர்ப்புச் சொன்னன். அது உள்ளுக்கைதான் விழுந்தது."

மறுமுனையில் நகுலேஸ்வரன் தொலைக்காட்சியை நிறுத்துகிற சத்தம் கேட்டது.

"ஹென்றி, இதை நீர் வட்ஸ்அப் குரூப்பிலையும் போடோணும்."

போட்டார். முப்பத்தெட்டுப் பேர் கைதட்டினார்கள். அந்தச் சனிக்கிழமை அனுஜன் இடப்பக்கம் எறிந்தான், நடுவில் எறிந்தான், ஒருமுறை தண்ணீர்ப் போத்தல்களுக்கும் எறிந்தான். டினோ நின்ற பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை.

"அண்ணை, இது பொறாமை" என்றான் றெக்ஸ். றெக்ஸ் ஹென்றியின் கூட்டாளி. கலியாண வீடுகளில் மேளமும் ட்ரம்பெட்டுமாகப் பப்பரே வாசிக்கிறவன். "உங்கடை பெடியனுக்கு மட்டும் மாலை. மற்றப் பெடியளும் மனிசர்தானே."

ஹென்றிக்குச் சுரீரென்றது. இவ்வளவு நாளும் இது தோன்றவில்லையே என்று தன்னையே நொந்துகொண்டார். அடுத்த பயிற்சிக்குப் போய், தனக்குத் தெரிந்த பிரெஞ்சில் அறிவித்தார். இனிமேல் யார் கோட்டைத் தாண்டினாலும் மாலை, பொன்னாடை, பன்னீர். யாருக்கும் ஓரவஞ்சனை கிடையாது.

பெடியன்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அதை ஹென்றி சந்தோஷம் என்று எடுத்துக்கொண்டார்.

அந்தச் சனிக்கிழமை க்சாவியே என்ற மலை போன்ற பெடியன் பந்தோடு ஓடி வந்தான். பின்னால் ஒருவரும் இல்லை. கோட்டுக்கு இரண்டடி இருக்கையில் தலையை நிமிர்த்தினான். கோட்டுக்கு அந்தப் பக்கம் ஹென்றி மாலையை இரண்டு கைகளிலும் விரித்துப் பிடித்தபடி நின்றார். க்சாவியே பந்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அப்படியே நிலத்தில் படுத்துவிட்டான்.

"சதை பிடிச்சிட்டுது போலை, பாவம்" என்றார் ஹென்றி.

மிச்சம் இருந்தது கடைசி ஆட்டம் ஒன்றுதான். வியாழக்கிழமை சாப்பாட்டு மேசையில் டினோ மெதுவாகத் தொடங்கினான்.

"அப்பா, சனிக்கிழமை உங்களுக்கு வேலை இருக்குமெல்லோ?"

"லீவு போட்டிட்டன்."

"சரியாக் குளிருமாம்."

"உள்ளுக்கைப் போடத் தடிப்புச் சட்டை வாங்கிட்டன். றெக்ஸ் அண்ணையும் பப்பரே கொண்டு வாறார்."

டினோ சோற்றுக் கோப்பையைப் பார்த்தபடி, "மாதாவே" என்றான்.

ஹென்றிக்குக் கண் கலங்கியது. பிள்ளைக்குப் பக்தி வந்துவிட்டது.

சனிக்கிழமை பல்கலைக்கழகப் பயிற்சியாளர் சிவப்புத் தொப்பியும் குறிப்புப் புத்தகமுமாக மேல் வரிசையில் இருந்தார். டினோவின் அணி எந்தக் கோட்டை நோக்கி ஓட வேண்டுமோ, அந்தக் கோட்டடியில் ஹென்றி மாலையோடு நின்றார். அணிகள் பக்கம் மாறியபோது அவரும் மைதானத்தைச் சுற்றி மற்றக் கோட்டுக்கு ஓடினார். பின்னால் பன்னீர்ச் செம்போடு மாக்கிரட். அவளுக்குப் பின்னால் வாசித்தபடியே றெக்ஸின் ஆட்கள்.

இடைவேளை வந்தது. எதிரணிக்கு ஏழு. இவர்களுக்குச் சைபர். சிவப்புத் தொப்பிக்காரர் புத்தகத்தை மூடிவிட்டுக் கோப்பி குடித்தார்.

ஹென்றியால் தாங்க முடியவில்லை. கோட்டடி வேலியோரம் தண்ணீர் குடித்துக்கொண்டு நின்ற அனுஜனிடம் போனார்.

"தம்பி, கோச்சிலை பிழை எண்டு நினைச்சன். உன்னிலை பிழை எண்டு நினைச்சன். உன்ரை அப்பான்ரை பந்தைக்கூட உள்ளுக்கை எண்டு எழுதிக் குடுத்திட்டன். ஆரிலை பிழை எண்டு நீயே சொல்லு."

அனுஜன் மாலையைப் பார்த்தான். பப்பரேக்காரரைப் பார்த்தான்.

"அங்கிள், கோவிக்க மாட்டியளோ?"

"மாட்டன். சொல்லு."

"முதல் மட்ச்சிலை நீங்க மாலை போட்ட வீடியோவைக் கொலிஜ் முழுக்கப் பாத்திட்டுது. டினோவுக்கு இப்ப பேரே மாப்பிள்ளை. தனக்கு எறிய வேண்டாமெண்டு என்ரை கையைப் பிடிச்சுக் கெஞ்சினவன். பேந்து நீங்க எல்லாருக்கும் மாலை எண்டியள். அதுக்குப் பிறகு ஒருத்தனும் கோட்டைத் தாண்டுறானில்லை."

ஹென்றி மாலையைப் பார்த்தார். இவ்வளவு காலமும் தேடிய ஆள் கிடைத்துவிட்டான். தடிப்புச் சட்டைக்குள்ளே அவருக்கு வியர்த்தது. மைதானத்தின் நடுவில் டினோ தலைக்கவசத்தைக் கழற்றாமலே குந்தியிருந்தான்.

"சரி தம்பி" என்று மாலையைச் சுருட்டத் தொடங்கினார். "நான் இதைக் கொண்டுபோய்க் காருக்கை வச்சிட்டு, அங்கையே இருக்கிறன்."

விசில் ஊதியது. அனுஜன் தலைக்கவசத்தை மாட்டியபடி அவருடைய கையை எட்டிப் பிடித்தான்.

"போகாதேங்கோ அங்கிள். இப்ப பக்கம் மாறுது. நாங்கள் அங்காலை ஓடப்போறம். நீங்க மாலையை நல்லா விரிச்சுப் பிடிச்சுக்கொண்டு இந்தக் கோட்டிலையே நில்லுங்கோ. இனி இஞ்சாலை ஓடி வரவேண்டியது மற்ற டீம்காரர்."