ஆறு ஏறிய அன்று நான் வேலையில் இருந்தேனா?

வில்லோ பென்ட், நெப்ராஸ்கா
ஏப்ரல் 9

மிகுந்த அன்புக்கும் அதைவிட மிகுந்த பயத்துக்கும் உரிய அக்கா மார்லிஸுக்கு,

உன் தம்பி டெல்மர் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் வீட்டுக்காரி லோர்னாவும் கர்த்தர் கிருபையால் சாப்பிட்டு, தூங்கி, எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம். அங்கே அரிசோனா வெயிலில் உன் புது முழங்கால் எப்படி மடங்குகிறது, அத்தான் க்ளேட்டன் உப்பைக் குறைத்தாரா என்பதையெல்லாம் அறிய ஆவல். பிப்ரவரியில் நாம் போனில் பேசியது உனக்கு மறந்திருக்காது. "அரசாங்க ஆபீஸ்ல சும்மா ஒக்காந்து சம்பளம் வாங்கறவங்கள ஜனாதிபதி வீட்டுக்கு அனுப்பினா ஒனக்கு ஏன்டா வலிக்குது?" என்று கேட்டு, நான் வாயைத் திறப்பதற்குள் வைத்துவிட்டாய். திறந்த வாயில் வார்த்தை வர இரண்டு மாதம் ஆகிவிட்டது. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எனக்குப் போதும். ராஜினாமா செய்யப் போகிறேன். வருகிற இருபத்தாறாம் தேதி நானும் லோர்னாவும் மூட்டை முடிச்சோடு உன் வீட்டுக்கு வருகிறோம். பின்னறையை ஒழித்து வை.

இனி நடந்ததைக் கேள். ஜனவரியில் புது ஜனாதிபதி பதவியேற்ற சாயங்காலமே தொலைக்காட்சியில் ஒவ்வொரு ஆணையாகக் கையெழுத்துப் போட்டுப் போட்டுத் தூக்கிக் காட்டினார். நானும் காபி குடித்தபடி பார்த்தேன். மறைக்க மாட்டேன் அக்கா, இரண்டு மூன்று ஆணைக்குத் தலையைக்கூட ஆட்டினேன். இருபத்தொன்பது வருஷமாக ஒரே படிவத்தை மூன்று பிரதி நிரப்பியவன் நான். மூன்றை இரண்டாக்குவார்கள் என்று நினைத்தேன். படிவம் மூன்றும் அப்படியே இருக்கின்றன, நிரப்புகிறவனைத்தான் குறைத்தார்கள். முதல் ஆணை, அரசாங்க ஊழியர் எல்லோரும் தினமும் அலுவலகம் வந்து உட்கார வேண்டும் என்பது. என் வேலை என்னவென்று உனக்குத் தெரியும்: ஓட்டர் ஆற்றிலும் அதன் கிளைகளிலும் உள்ள பத்தொன்பது நீர்மட்ட அளவு நிலையங்களைப் பார்த்துக்கொள்வது. ஆறு அலுவலகத்துக்கு வராது, நான்தான் அதனிடம் போக வேண்டும். ஆணை ஆணைதானே! தொண்ணூறு மைல் தள்ளி, விவசாயக் கடன் அலுவலகம் ஒன்றில், ஜெராக்ஸ் இயந்திரத்துக்கும் கழிவறைக் கதவுக்கும் நடுவில் எனக்கொரு நாற்காலி போட்டார்கள். அங்கே உட்கார்ந்து, 'இந்த வாரம் என்ன சாதித்தாய்' என்று ஐந்து வரி எழுதி அனுப்பச் சொன்னார்கள். 'ஆற்றை அளக்க முடியவில்லை, ஏனென்றால் இங்கே உட்கார்ந்திருக்கிறேன்' என்று ஒரே வரி எழுதினேன். மீதி நான்கு வரி எங்கே என்று இயந்திரம் திருப்பி அனுப்பியது.

அடுத்த ஆணை செலவைப் பற்றியது. அலுவலக அட்டையில் ஒரு டாலருக்கு மேல் வாங்கக் கூடாது என்றார்கள். நம் ஊர்ப் பாலத்து நிலையத்தின் பேட்டரி குளிரில் செத்துக்கொண்டிருந்தது. ஒரு டாலருக்கு என்ன பேட்டரி கிடைக்கும், பொம்மைக் காருக்குக்கூடக் கிடைக்காது. நானே என் காசில் வாங்கிப் போடுகிறேன் என்று என் மேலதிகாரி பாட்ரிஸிடம் கேட்டேன். அந்தப் பெண் தங்கமான பெண், என் மகள் வயது. "ஐயோ டெல்மர், அப்படிச் செஞ்சீங்கன்னா நீங்க அரசாங்கத்துக்கு அன்பளிப்புக் குடுத்த மாதிரி ஆயிடும். அதுக்குத் தனியா அனுமதி வாங்கணும். அனுமதி குடுக்கறவரு போன வாரம்தான் வேலைய விட்டுப் போனாரு" என்றாள். சரி என்று மனுப் போட்டுவிட்டுக் காத்திருந்தேன்.

பிப்ரவரி பதினெட்டாம் தேதி காலை, லோர்னா முட்டை பொரித்துக்கொண்டிருந்தாள், மின்னஞ்சல் வந்தது. 'பணியில் புதியவரான உங்கள் செயல்திறன் திருப்திகரமாக இல்லாததால் இன்றுடன் நீக்கப்படுகிறீர்கள்.' புதியவன்! போன அக்டோபரில் எனக்குப் பதவி உயர்வு கொடுத்தார்களல்லவா, அந்தப் பதவிக்கு நான் நான்கு மாதக் குழந்தையாம். பாட்ரிஸுக்குப் போன் போட்டேன். "சத்தியமா நான் அனுப்பல டெல்மர். யார் அனுப்பினாங்கன்னு எனக்கே தெரியல. உங்களப் பத்தி நான் எழுதினது எல்லாமே நல்லதுதான்" என்று அழுதாள். அவளைச் சமாதானப்படுத்தி வைத்தேன். மறுநாள் அவளே கூப்பிட்டு, "எனக்கும் வந்துடுச்சு" என்று மறுபடி அழுதாள். வேலை போனவன் வேலை போனவளைத் தேற்றியதில் அன்றைய பொழுது போயிற்று.

ஊரில் செய்தி பரவ எவ்வளவு நேரம் ஆகும்? பேக்கரியில் ஆர்லன் ஸ்டூர் பிடித்துக்கொண்டான். பள்ளிக்கூடத்தில் உன் ஜடையைப் பெஞ்சோடு சேர்த்துக் கட்டினானே, அதே ஆர்லன்தான். இப்போது ஆற்றங்கரையில் இருநூறு மாடு வைத்திருக்கிறான். ஜனாதிபதி படம் போட்ட கொடி அவன் டிராக்டரில் பறக்கிறது. "என்னடா டெல்மர், ஆத்துல குச்சிய நட்டுட்டு ஈரம் எதுவரைக்கும்னு பாக்கறதுக்கு ஒரு சம்பளமா? என் மாடு ஓசியிலயே பாக்கும்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் அக்கா, வேறென்ன செய்வது. வாங்கிய ஜாம் வைத்த கொலாச்சி பன்னை அங்கேயே மேஜைமேல் விட்டுவிட்டு வந்துவிட்டேன்.

மார்ச் முதல் வாரம் நம் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினர் பள்ளி மண்டபத்தில் மக்களைச் சந்திப்பதாக அறிவித்தார்கள். முந்நூறு பேர் கூடினோம். அவர் வரவில்லை. மேடையில் அவர் பெயர் ஒட்டிய நாற்காலி மட்டும் இருந்தது. திரும்பிப் போவதற்கு மனமில்லாமல் ஜனங்கள் வரிசையில் நின்று நாற்காலியிடம் பேச ஆரம்பித்தார்கள். என்னையும் பிடித்துத் தள்ளினார்கள். நான் என்ன பேசினேன் தெரியுமா? பனி உறையும்போது அளவு நிலையத்து மிதவைக் கிணறு நீர்மட்டத்தை எப்படித் தப்பாகக் காட்டும் என்பதைப் பற்றி பதினொரு நிமிஷம். வேலை போனதைச் சொல்லவே மறந்துவிட்டேன். பாதியில் கைதட்டி உட்கார வைத்தார்கள். எனக்குப் பின்னால் வந்தவன் ஆர்லன். உறுப்பினருக்கு ஆதரவாகப் பேசத்தான் எழுதிக்கொண்டு வந்திருந்தான். காகிதத்தைப் பிரித்தான், நாற்காலியைப் பார்த்தான், காகிதத்தை மடித்தான். "நான் ஒனக்கு நாலு தடவ ஓட்டுப் போட்டவன்யா. இவங்க கூடத்தான் பேசல, என்கிட்டயாவது வந்து பேசக் கூடாதா? என்னைப் பாத்தாலும் பயமா ஒனக்கு?" என்று கேட்டான். நாற்காலி வழக்கம்போல் பதில் சொல்லவில்லை.

மார்ச் பதிமூன்றில் ஒரு நீதிபதி, எங்களை நீக்கியது செல்லாது என்றார். உடனே என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். ஆனால் 'சம்பளம் உண்டு, வேலை செய்யக் கூடாது, வீட்டிலேயே இரு' என்று. நீ போனில் சொன்னது அன்றுதான் பலித்தது அக்கா, நிஜமாகவே சும்மா உட்கார்ந்து சம்பளம் வாங்கினேன். பிறகு மேல் நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்தியது. நான் மறுபடி வெளியே. பிறகு இன்னொரு நீதிமன்றம், இன்னொரு கடிதம். காலையில் நான் சமையலறைக்குள் வந்தால் லோர்னா திரும்பிப் பார்க்காமலே, "ஏங்க, இன்னைக்கு நீங்க வேலையில இருக்கீங்களா, இல்லையா? அதுக்குத் தக்க டிபன் கட்டணும்" என்பாள். நான் போய் மின்னஞ்சலைப் பார்த்துவிட்டு வந்து சொல்வேன்.

மார்ச் இருபத்தேழு. முந்தின நாள் முழுக்க உறைபனிமேல் மழை. காலை ஏழு மணிக்கு ஆர்லன் போன். என்னோடு பேசி ஐந்து வாரம் ஆகியிருந்தது. "டெல்மர், பாலத்து அளவு நாலு புள்ளி ஒண்ணு அடின்னு மூணு நாளா கம்ப்யூட்டர்ல அப்படியே நிக்குது. என் மாடு முட்டித் தண்ணில நிக்குது. ரெண்டுல எதுடா பொய் சொல்லுது?" பேட்டரி. நான் மனுப் போட்டுக் காத்திருந்த அதே பேட்டரி செத்து, பழைய அளவு அப்படியே நிற்கிறது. கீழே ஆற்றங்கரைத் திடலில் நாற்பது ட்ரெய்லர் வீடுகள். இறைச்சித் தொழிற்சாலையில் வேலை செய்கிற குடும்பங்கள், குழந்தைகள். கம்ப்யூட்டர் நாலு புள்ளி ஒன்று என்றால் அவர்களுக்கு யாரும் எச்சரிக்கை கொடுக்க மாட்டார்கள்.

நிலையத்தின் சாவியைப் பிப்ரவரியிலேயே ஒப்படைத்துவிட்டேன். ஆர்லன் பூட்டை வெட்டும் கத்திரியோடு வந்து நின்றான். "அரசாங்கச் சொத்துடா, கை வைக்காதே" என்றேன். "நீ இன்னைக்கு அரசாங்கமா, இல்லையா?" என்று கேட்டான். எனக்கே தெரியவில்லை. அதனால் பூட்டைத் தொடாமல் பாலத்துத் தூணுக்குப் போனோம். அங்கே பெயின்ட் அடித்த அளவுக் கோடுகள் இருக்கின்றன. கண் உள்ள எவனும் படிக்கலாம், அதற்கு ஆணை தேவையில்லை. ஒன்பது புள்ளி ஆறு. இருபது நிமிஷத்தில் பத்து புள்ளி இரண்டு. வெள்ள எச்சரிக்கை அலுவலகத்துக்குப் போன் செய்தேன். எடுத்த பெண், "உங்க அளவாளர் எண் சொல்லுங்க" என்றாள். ரத்தாகிவிட்டது என்றேன். "அப்ப நீங்க யாரு?" பொதுமக்களில் ஒருவன், பாலத்தில் பத்து புள்ளி இரண்டு, மணிக்கு இரண்டடி வேகத்தில் ஏறுகிறது என்றேன். "டெல்மர், நீங்கதானே? பொதுமக்கள் யாரும் புள்ளி வெச்சு அளவு சொல்ல மாட்டாங்க. அங்கயே நில்லுங்க, கால் மணிக்கு ஒரு தடவ சொல்லிட்டே இருங்க" என்றாள்.

மழையில் நின்றேன். நான் படித்தேன், ஆர்லன் போனில் கத்தினான். ஷெரீப்பின் ஆட்கள் வீடு வீடாகக் கதவைத் தட்டினார்கள். ஆர்லன் மாடு ஏற்ற வைத்திருந்த லாரியை மகனிடம் கொடுத்து, "மாடு நீந்தும்டா, மொதல்ல அந்தக் கொழந்தைங்கள ஏத்து" என்று அனுப்பினான். பகல் ஒரு மணிக்குத் தண்ணீர் திடலுக்குள் புகுந்தது. பதினான்கு ட்ரெய்லர்களைப் புரட்டிக்கொண்டு போயிற்று. உள்ளே ஓர் ஆள் இல்லை. ஆர்லனுக்கு முப்பத்தொரு மாடு போயிற்று. பாலத்துச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அழுதான். நானும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

நான்கு நாள் கழித்து அலுவலகத்திலிருந்து இரண்டு கடிதங்கள் ஒரே காலையில் வந்தன. ஒன்று, விடுப்பில் இருக்கும்போது அனுமதியின்றி அலுவல் புரிந்ததற்கு விளக்கம் கேட்டு. அப்படியானால் அன்று நான் வேலையில்தான் இருந்திருக்கிறேன், அதையே இந்தக் கடிதம் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். இன்னொன்று, தானாக ராஜினாமா செய்தால் செப்டம்பர் வரை சம்பளம் தருகிறோம் என்று. பணம் போனால் போகிறது அக்கா. 'செயல்திறன் திருப்திகரமாக இல்லை' என்று எழுதினார்களே, அந்த வரி பல் இடுக்கில் மாட்டிய நாராக உறுத்திக்கொண்டே இருக்கிறது. பாலத்து அளவு உனக்கும் ஒன்றுதான், எனக்கும் ஒன்றுதான், யாருக்கு ஓட்டுப் போட்டவர்களுக்கும் ஒன்றுதான். ஜனாதிபதிக்கு ஆணை போட உரிமை உண்டு, நான் மறுக்கவில்லை. ஆனால் கையெழுத்துப் போடுகிறவர் ஒரு தடவை அந்தப் பாலத்தில் வந்து நின்று பார்த்திருக்கலாம். நான் களைத்துவிட்டேன். ராஜினாமாக் கடிதம் எழுதி மேஜையில் வைத்திருக்கிறேன், நாளை அனுப்புகிறேன். உன்னோடு சண்டை போடவும் எனக்கு இனிமேல் தெம்பில்லை. பக்கத்தில் இருந்தால் போதும்.

அத்தானுக்கு என் வணக்கம். லோர்னா உங்கள் இருவரையும் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள். கர்த்தர் உங்களை எல்லாத் தீங்கிலிருந்தும், உங்கள் வீட்டுக்கு வரும் எங்களிடமிருந்தும் காப்பாராக.

இப்படிக்கு,
உன் கீழ்ப்படிதலுள்ள தம்பி,
டெல்மர் வெர்ப்கா

பின்குறிப்பு: அக்கா, அறையை ஒழிக்க வேண்டாம். நாங்கள் வரவில்லை. இந்த உறையை ஒட்டுவதற்குள் ஆர்லன் வந்து என்னை மாவட்ட சபைக் கூட்டத்துக்கு இழுத்துப் போய்விட்டான். மத்திய அரசு படித்தாலும் படிக்காவிட்டாலும் பாலத்து அளவைப் படிக்க மாவட்டமே ஓர் ஆளை வைக்க வேண்டும் என்று எழுந்து சொன்னான். அரை மணி நேரம் வாக்குவாதம். வரியைக் கூட்டுவீர்களா என்று ஒருவர், ஆற்றை அளக்க ஆள் எதற்கு என்று இன்னொருவர். அந்த இன்னொருவரைப் பார்த்து ஆர்லன் போட்ட சத்தத்தை எழுத முடியாது. நாலு ஓட்டுக்கு ஒரு ஓட்டு என்று தீர்மானம் நிறைவேறியது, அந்த ஆள் நான்தான். சம்பளம் என்று சொன்னால் சிரிப்பாய், அதனால் சொல்லவில்லை. அங்கேயே வலது கையைத் தூக்கி உறுதிமொழி எடுக்கச் சொன்னார்கள். இருபத்தொன்பது வருஷத்துக்கு முன் இதே மாதிரி வார்த்தைகளை மருந்துக் கடையில் பெயர் சொல்வதுபோல் கடகடவென்று சொன்னவன் நான். இந்தத் தடவை 'அரசியல் சாசனத்தை' என்ற இடத்துக்கு வந்ததும் ஒவ்வொரு எழுத்தாக, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னேன். பின் வரிசையிலிருந்து ஆர்லன் கத்தினான்: "சத்தமா சொல்லுடா, இங்க யாருக்கும் கேக்கல!"