நாற்பது பர்சென்ட் பாவம்

பாவத்தின் விலை கிள்ளானில் ஒரு நாளைக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு ரிங்கிட். பாவக் கதை ஒன்றைப் படமெடுக்கத் தன் பங்களாவுக்குத் துணிக்கடை தம்புசாமி சொன்ன வாடகை அது.

பிரிக்பீல்ட்ஸிலிருந்து வந்த இளம் இயக்குநர் பெர்னிஸ் ஆயிரத்து எண்ணூறு என்றாள்.

"சரிமா, ஆயிரத்து எண்ணூறே குடு. ஆனா அப்பா வேஷம் எனக்கு. அம்மா என் பொண்டாட்டி, மகன் என் மகன். என் கடைப் பை மூணு சீன்ல தெரியணும்."

"ஓகே அங்கிள்."

கேட்டதை எதிராளி உடனே கொடுத்தால் சரக்கைத் திருப்பிப் பார்க்க வேண்டும். முப்பது வருட வியாபாரத்தில் தம்புசாமி அதை மறந்தது அன்று ஒரு நாள்தான். ஞாயிற்றுக்கிழமை காலை, முகத்தில் பவுடர் அப்பிக்கொண்டிருக்கும்போதுதான் கதையைப் படித்தார்.

பழைய மேடை நாடகம் ஒன்றை நம்மூருக்கு மாற்றியிருந்தார்கள். பணக்கார வீட்டில் விருந்து. ஓர் இன்ஸ்பெக்டர் வந்து, ஏழைப் பெண் ஒருத்தி செத்துப்போனாள் என்கிறார். விசாரிக்க விசாரிக்க, அந்தச் சாவில் வீட்டிலுள்ள எல்லாருக்கும் பங்கு இருக்கிறது. அப்பா அவளை வேலையை விட்டுத் துரத்தியவர். மூலக் கதையில் அவருக்குத் தொழிற்சாலை. தம்புசாமி பையைக் காட்டச் சொன்னதால் அது துணிக்கடை ஆகியிருந்தது.

"பெர்னிஸ், இதுல என் பாவம் எத்தன பர்சென்ட்?"

"அப்படிக் கணக்கெல்லாம் இல்ல அங்கிள்."

"கணக்கில்லாம எப்படிலா? மூணு பேரு இருக்கோம். பிரிச்சுச் சொல்லு."

நேரம் போகிறதே என்று அவள் அன்றைய காட்சிகள் எழுதிய வெள்ளைப் பலகையின் ஓரத்தில் எழுதினாள். அப்பா 40. அம்மா 30. மகன் 30.

"தீபாவளிக்கு ரெண்டு வாரம் முன்னாடி இது டிவியில வருது. நாப்பது பர்சென்ட் பாவத்தப் பாத்துட்டு எவ வந்து என்கிட்ட சேலை எடுப்பா? பத்துக்கு முடிச்சுக் குடு."

எதிர் நாற்காலியில், இன்ஸ்பெக்டராக நடிக்க வந்த டொமினிக் உட்கார்ந்திருந்தார். மடியில் அட்டை நைந்த நோட்டு. ஒத்திகையே தொடங்கவில்லை, அதற்குள் பேனாவைத் திறந்திருந்தார். நல்ல நடிகர் என்று தம்புசாமி நினைத்துக்கொண்டார்.

"பாஸ், துரத்தின காரணத்த மாத்தினா பாவம் கொறையலாம்" என்றார் டொமினிக்.

தொழில் தெரிந்த ஆள் ஒருவராவது இருக்கிறாரே. "அப்படிச் சொல்லுங்க. சம்பளம் கூட்டிக் கேட்டதுக்காகத் துரத்தினேன்னு இருக்கு. வேணாம். கடையில ஆள் இருக்கும்போது முக்காலியில உக்காந்துட்டான்னு போடுங்க."

"ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் நின்னா அவ?" என்றார் டொமினிக்.

"காலையில ஒம்போது, ராத்திரி ஒம்போது. சீசன்லா."

அதையும் எழுதிக்கொண்டார். பெர்னிஸ் பலகையைத் துடைத்து அப்பா 50 என்று போட்டாள். மற்ற இருவரும் இருபத்தைந்து ஆனார்கள்.

"என்னமா, ஏறுது?"

"உக்காந்ததுக்குத் துரத்துறது இன்னும் மோசம் அங்கிள்."

"அப்ப அம்மா மேல கொஞ்சம் தள்ளு. வேற வேலைக்குச் சிபாரிசு லெட்டர் கேட்டு வந்தவள விரட்டினது அம்மாதான?"

தனலெட்சுமி பொட்டைச் சரிசெய்தபடியே சொன்னாள்: "நான் எங்க விரட்டினேன்? குடுக்காத, ஒருத்திக்குக் குடுத்தா எல்லாரும் வருவாளுங்கன்னு சொன்னது நீங்க."

"நான் கதையப் பத்திப் பேசுறேன்."

"நானும் அதத்தான் பேசுறேன்."

அம்மா 0. அப்பா 75.

"மகன்? ஓவர்டைம் காசு தராம இழுத்தடிச்சது மகன்தான?"

மகன் ராஜன் கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "கம்ப்யூட்டர் கெட்டுப்போச்சுன்னு சொல்லுடான்னு சொன்னது யாருப்பா?"

மகன் 0. அப்பா 100.

தம்புசாமிக்கு வியர்த்ததில் பவுடர் வழிந்தது. நாற்பதைப் பத்தாக்கப் போனவர் கையில் மொத்தச் சரக்கும் திரும்பி வந்துவிட்டது. கடைசியாக ஒரு விலை சொல்லிப் பார்த்தார்.

"அவ ஏன் சாகணும்? உயிரோட விட்டுடு. செலாயாங் பாசார்ல கீரை விக்கிறா. நல்லாத்தான் இருக்கா. எனக்கே ஒரு கட்டு சும்மா போட்டுக் குடுத்தா."

"அது கதையிலயா பாஸ்?" என்றார் டொமினிக்.

"முந்தாநாளுலா. கோயில் அன்னதானத்துக்குக் காய் வாங்கப் போனேன்."

தனலெட்சுமி திரும்பினாள். "மலரையா பாத்தீங்க? என்கிட்ட சொல்லவே இல்ல."

"எந்த மலர்?" என்றார் டொமினிக், தாளிலிருந்து பேனாவை எடுக்காமலே.

"மூணு வருஷம் நம்ம கடையில நின்னவ" என்றாள் தனலெட்சுமி.

"கதைக்கு நிஜப் பேரெல்லாம் எதுக்கு?" என்று தம்புசாமி எழுந்தார். "சீனை எடுமா. நேரமாச்சு."

எடுத்தார்கள். விளக்கு எரிந்தது. இன்ஸ்பெக்டர் கேட்டார்: "அந்தப் பொண்ண ஏன் அனுப்புனீங்க?"

ஐந்து வரி வசனம். ஒன்றுகூட தம்புசாமிக்கு நினைவுக்கு வரவில்லை. கண்முன் கீரைக்கட்டுதான் நின்றது.

"முக்காலிதான" என்றார். "உக்காரட்டும்னு விட்டிருக்கலாம். கால் வீங்கியிருந்துச்சு. நான் பாத்தேன். பாத்துட்டுத்தான் போகச் சொன்னேன்."

அழுகை தானாக வந்தது. பெர்னிஸ் கட் சொல்ல மறந்தாள். பிறகு எல்லாரும் கைதட்டினார்கள். ராஜன்கூடக் கைப்பேசியைக் கீழே வைத்திருந்தான்.

தம்புசாமி முகத்தைத் துடைத்துக்கொண்டார். மனசு லேசாகியிருந்தது. இப்படி அழுகிறவன் கடைக்கு ஜனம் வராமலா போகும்? வரும். அனுதாபத்தோடு வந்தால் பேரமும் பேச மாட்டார்கள்.

டொமினிக் கைகுலுக்கினார். "நாளைக்குக் காலையில கடைக்கு வரேன் பாஸ்."

"தாராளமா வாங்க. உங்களுக்கு வேட்டில பத்து பர்சென்ட் கழிவு."

அவருடைய கார் வாசலைத் தாண்டிய பிறகுதான் தம்புசாமிக்கு உறைத்தது. கடை, மலர், ஓவர்டைம், கம்ப்யூட்டர், எல்லாம் அந்த நோட்டில் இருக்கிறது. படப்பிடிப்புச் சாமான்களைப் பார்த்துக்கொள்ளும் ஷாமினியிடம் ஓடினார்.

"அந்த இன்ஸ்பெக்டர் நோட்டு எங்கமா? இன்னைக்கு எழுதின பக்கத்தக் கிழிச்சுக் குடு."

ஷாமினி பெட்டியைத் திறந்து, புத்தம் புதிய கறுப்பு நோட்டு ஒன்றை எடுத்து விரித்துக் காட்டினாள். எல்லாம் வெள்ளைத் தாள்.

"நம்ம நோட்டு இதுதான் அங்கிள், இன்னும் யாரும் தொடவே இல்ல. அவர் வச்சிருந்தது ஆபீஸ் நோட்டு. அவருக்கு நடிப்பு ஞாயித்துக்கிழமை மட்டும்தான்லா, மத்த நாள்ல லேபர் ஆபீஸ்ல இன்ஸ்பெக்டர்."

தம்புசாமி பலகையைப் பார்த்தார். அம்மா 0. மகன் 0. அப்பா 100. பழக்கதோஷத்தில் ஒரு முறை கூட்டிப் பார்த்தார். கணக்குச் சரியாகவே இருந்தது.