மூன்றாம் வகுப்பில் என் மாமியார்

உலகத்திலேயே அடங்காத மாணவர்கள் யார் என்று யாராவது கேட்டால், யோசிக்காமல் சொல்வேன்: ஆசிரியர்கள். வகுப்பில் ஒரு பிள்ளை கொட்டாவி விட்டால்கூடப் பொறுக்காதவர்கள், பயிற்சி என்று வந்து உட்கார்ந்துவிட்டால் கடலை உரிப்பார்கள், செல்போனை மடியில் ஒளித்து வைத்து நோண்டுவார்கள், "டீ எப்ப வரும்?" என்று கூச்சமில்லாமல் கேட்பார்கள். (நானும் இதில் சேர்த்தி. ஒரு பயிற்சியில் கடைசி வரிசையில் உட்கார்ந்து ஒரு முழம் பிச்சிப்பூ கட்டியிருக்கிறேன்.) அப்படிப்பட்ட அறுபது பேருக்கு முன்னால் என்னை ஒருநாள் கொண்டுபோய் நிறுத்தினார்கள். அந்த அறுபதில் ஒருவர் என் மாமியார்.

அந்த வருடம்தான் தொடக்கப் பள்ளிகளுக்குப் புதிய மதிப்பீட்டு முறை வந்திருந்தது. சின்ன வகுப்புகளுக்குப் பேப்பர் திருத்தி மார்க் போடுகிற வேலை இனி இல்லை. பாடம் நடத்தும்போதே ஒவ்வொரு பிள்ளையையும் கவனித்து, அது எந்த நிலையில் இருக்கிறது என்று செல்போனில் பதிந்துவிட வேண்டும். பிள்ளை தவறாகச் சொன்னால் 'தப்பு' என்று சொல்லக் கூடாது, வேறு மாதிரிக் கேட்க வேண்டும். அதட்டக் கூடாது. முக்கியமாக, யாரையும் எழுப்பி நிறுத்தக் கூடாது. இதையெல்லாம் மற்ற ஆசிரியர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவருக்குக் கருத்தாளர் என்று பெயர். எங்கள் வட்டாரத்தில் அந்தப் பொறுப்பு வந்ததும் ஒருவருக்கு மூட்டு வலி, ஒருவருக்கு மகள் பிரசவம், ஒருவருக்கு வீட்டில் வெள்ளையடிப்பு. எனக்கு எந்தக் காரணமும் உடனே வாயில் வரவில்லை. மாட்டிக்கொண்டேன்.

என் மாமியாரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சண்முகவடிவு டீச்சர் என்றால் கல்லிடைக்குறிச்சியில் தெரியாதவர் கிடையாது. தலைமை ஆசிரியை. அவர் தெருவில் நடந்து வந்தால், கல்யாணமாகிப் பிள்ளை பெற்ற ஆண்கள்கூட சைக்கிளைவிட்டு இறங்கி நிற்பார்கள். நான் கடற்கரை ஊர்க்காரி. அப்பாவுக்கு வள்ளம், ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை, வாரம் முழுக்க மீன். சண்முகவடிவு டீச்சர் மகன் செல்வத்தை நான் காதலித்துக் கட்டிக்கொண்டதில் எங்கள் வீட்டில் என்னோடு பேச்சை நிறுத்திவிட்டார்கள். அத்தை அப்படியெல்லாம் செய்யவில்லை. "சரி" என்று ஒரு வார்த்தை சொன்னார். அதன் பிறகு என்னை "டீச்சர்" என்று கூப்பிட ஆரம்பித்தார்.

"டீச்சர், சாப்பிட வாங்க." "டீச்சர், குளிச்சாச்சா?" எங்கள் பக்கத்தில் மாமியார் திட்டினால் பயமில்லை. 'வாங்க, போங்க' என்று மரியாதை கொடுத்தால்தான் பயம். பயிற்சிக்கு முந்தைய வாரம் அத்தை தன் மகனைக் கூப்பிட்டு, "பேட்டைப் பக்கமா ஒரு வாடகை வீடு பாத்துக்கோ லே. ஒனக்கும் பட்டறைக்குப் போக வர வசதி. டீச்சரும் பாவம், இங்கன எதுக்குக் கெடந்து கஷ்டப்படணும்?" என்றார். செல்வம் பேட்டையில் ஒரு லேத் பட்டறையில் வேலை பார்க்கிறார். "அம்மா எவ்வளவு தங்கமா யோசிக்காங்க பாத்தியா!" என்று மகிழ்ந்துபோனார். (இரும்பைக் கடைந்து கடைந்து மனுஷனுக்கு மனசு படிக்கிற வித்தை போய்விட்டது.) எனக்குப் புரிந்துவிட்டது. பிறந்த வீட்டுக் கதவு சாத்திவிட்டது, இந்த வீட்டுக் கதவையும் பைய சாத்துகிறார்கள். அன்றைக்குக் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன்.

ஆகவே, பயிற்சி நாளில் நான் ஒரே ஒரு முடிவோடு போனேன். அத்தை முன்னால் எந்தத் தவறும் வரக் கூடாது. இப்படி ஒரு மருமகளா என்று அவரே வியந்து, வாடகை வீட்டுப் பேச்சை விட்டுவிட வேண்டும். பயிற்சி நடக்கிற பக்கத்து ஊர் வட்டார வள மையத்துக்கு இருவரும் ஒரே பஸ்ஸில்தான் போனோம். உள்ளே நுழைந்ததும் அத்தை நேராகப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தார்.

காலையில் எல்லாம் நன்றாகவே போனது. மைக்கைப் பிடித்து, எழுதிவைத்ததை வரிசை தவறாமல் சொன்னேன். "எந்தக் குழந்தையையும் எழுப்பி நிறுத்துவது வன்முறை" என்று நான் சொன்னபோது சிலர் குறிப்பெடுத்தார்கள். தேநீருக்குப் பிறகு மாதிரி வகுப்பு. ஆசிரியர்களில் சிலர் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளாக நடிக்க, நான் பாடம் நடத்தி அவர்களை மதிப்பிட்டுக் காட்ட வேண்டும். சரியாக அந்த நேரத்தில் வட்டாரக் கல்வி அலுவலர் வந்து சேர்ந்தார். எங்கள் வட்டாரத்துக்குப் புதிது. யாருக்கு யார் என்ன உறவு என்று அவருக்குத் தெரியாது.

"இளவட்டங்க வேண்டாம், அனுபவம் உள்ளவங்க பிள்ளையா உக்காந்தாத்தான் நல்லாருக்கும்" என்று கூட்டத்தைத் துழாவிய அவர் விரல் கடைசி வரிசையில் போய் நின்றது. "அந்தா, அந்த டீச்சர். வாங்க, வாங்க."

கூடத்தில் கடலை உரிக்கிற சத்தம் நின்றுபோனது. என் பள்ளியின் இசக்கிமுத்து சார் என்னைக் காப்பாற்றுவதாக நினைத்து எழுந்தார். "ஸார், அவங்க வந்து... இவங்களுக்கு வந்து..." அலுவலர் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். "இல்ல ஸார், மத்தியானம் சாப்பாடு உண்டுமான்னு கேட்டேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். அவர் தைரியம் அவ்வளவுதான்.

அத்தை எழுந்து வந்தார். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, முன்வரிசையில் ஒரு சின்ன பெஞ்சில் உட்கார்ந்தார். பக்கத்தில் இன்னும் நான்கு டீச்சர்கள்.

பாடம் அரையும் காலும். உடன்குடிக் கருப்பட்டி ஒன்று கொண்டுபோயிருந்தேன். அதை உடைத்து, இது அரை, இது கால் என்று காட்டுவதாக ஏற்பாடு. வீட்டில் ஒத்திகை பார்த்தபோது அது நடுவில் அழகாகப் பிளந்தது. மேடையில், மேசை விளிம்பில் ஓங்கி ஒரு தட்டு தட்டினேன். ஒரு பக்கம் முக்காலும் ஒரு பக்கம் காலுமாகத் தெறித்தது.

"ரெண்டா ஆக்கியாச்சு. இதுல ஒரு துண்டை எப்படிச் சொல்லலாம்?" என்று, வியர்த்த கையில் துண்டைத் தூக்கிக் காட்டினேன்.

அத்தை கையைத் தூக்கினார். "டீச்சர், அது சின்னத் துண்டு டீச்சர். பெரிய துண்டு யாருக்கு டீச்சர்?"

கூடம் சிரித்தது. அத்தை சிரிக்கவில்லை. நடிக்கிறாரா, என் மானத்தை வாங்குகிறாரா என்று அந்த முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. "நல்ல கேள்வி. ரெண்டும் சமமா இருக்குன்னு வச்சுக்கிடுங்க. அப்ப சொல்லுங்க" என்றேன்.

"டீச்சர்" என்று அலுவலர் குறுக்கிட்டார், "மூணாம் வகுப்புப் பிள்ளைட்ட யாராவது 'சொல்லுங்க'ம்பாங்களா? இயல்பா பேசுங்க. 'நீ, வா, போ'ன்னு பேசுங்க."

என் மாமியாரை 'நீ' என்று சொல்வதற்கு, நான் அப்படியே கூரை ஓட்டைப் பிரித்துக்கொண்டு தாமிரபரணியில் போய் விழுந்துவிடலாம். ஆனாலும் "சரி ஸார்" என்றேன். அதன் பிறகு யாரையும் பார்க்காமல், மின்விசிறியைப் பார்த்துக் கேள்வி கேட்டேன்.

அதற்குள் அத்தைக்குள்ளிருந்து நிஜமாகவே ஒரு மூன்றாம் வகுப்புப் பிள்ளை கிளம்பிவிட்டது. எத்தனை வருடமாக எத்தனை பிள்ளைகளைப் பார்த்தவர், ஒவ்வொரு குறும்பும் அத்துப்படி. பக்கத்து டீச்சரின் பின்னலை இழுத்தார். "டீச்சர், இவ என்னையக் கிள்ளுதா!" என்று புகார் சொன்னார். "ஒண்ணுக்குப் போணும் டீச்சர்" என்றார். நான் பொறுமையாக ஒரே கேள்வியை வேறு வேறு மாதிரிக் கேட்டேன். ஒவ்வொரு தடவையும் "தெரியல டீச்சர்." அலுவலர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கூடம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. கண்ணீர் வேறு முட்டிக்கொண்டு வந்தது. எல்லாம் போச்சு, பேட்டையில் வாடகை வீடு உறுதி என்று மனசு அடித்துக்கொண்டது. அந்தக் குழப்பத்தில் கரும்பலகைப் பக்கம் திரும்பி அரை என்று எழுதிவிட்டுத் திரும்பினால், மேசையில் பெரிய துண்டைக் காணோம். அத்தையின் ஒரு பக்கக் கன்னம் மட்டும் புடைத்திருந்தது. கையில் மிச்சத் துண்டு.

அதன் பிறகு நடந்ததை நான் செய்யவில்லை, என் தொண்டை செய்தது. தினமும் நாற்பது பிள்ளைகளை மேய்க்கிற தொண்டை.

"ஏட்டி! கருப்பட்டிய வைட்டி கீழ! எந்திச்சு நில்லு!"

கையில் மைக் இருந்ததை மறந்துவிட்டேன். சின்னப் பெண்பிள்ளைகளை விரட்டுகிற அந்த 'ஏட்டி' கூடம் முழுக்க ஒலித்தது. வெளியே வேப்பமரத்துக் காக்கைகள் பறந்த சத்தம் உள்ளே கேட்டது.

அதைவிடக் கொடுமை, அத்தை எழுந்து நின்றுவிட்டார். கருப்பட்டியை மேசையில் வைத்தார். கையைக் கட்டிக்கொண்டார். அறுபது பேரும் என்னையே பார்த்தார்கள். இசக்கிமுத்து சார் மட்டும் கண்ணை மூடிக்கொண்டார். அவருக்கு இரத்தம் பார்த்தால் ஆகாது.

திடீரென்று கைதட்டல். அலுவலர்தான். "பிரமாதம்! பாத்தீங்களா எல்லாரும்? காலம்பற யாரையும் எழுப்பி நிறுத்தக் கூடாதுன்னு சொன்னாங்க. இப்ப, அப்படிச் செஞ்சா அந்தப் பிள்ளை மனசு எப்படிச் சுருங்கும்னு கண்ணு முன்னால நடிச்சே காட்டிட்டாங்க. எவ்வளவு தத்ரூபம்!"

வேலை பிழைத்தது. நான் பிழைக்கவில்லை. "அத்தை, உக்காருங்க அத்தை" என்று மைக்கிலேயே கெஞ்சினேன்.

"அத்தையா?" என்றார் அலுவலர். யாரோ அவர் காதில் போய்ச் சொன்னார்கள். அவர் முகம் கருப்பட்டி நிறத்துக்குப் போனது. மத்தியானச் சாப்பாட்டுக்குக்கூட நிற்காமல் ஜீப்பில் ஏறிவிட்டார்.

நானும் சாப்பிடவில்லை. சாயங்காலம் பஸ்ஸில் அத்தைக்கு உட்கார இடம் கிடைத்தது. நான் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஆற்றுப்பாலம் வந்தபோது அத்தையின் தோள் குலுங்குவதைப் பார்த்தேன். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தார். அழுகிறார். ஊரே எழுந்து நின்று மதிக்கிற மனுஷியை நான் அழவைத்துவிட்டேன். பாவி, பாவி என்று என்னை நானே திட்டிக்கொண்டேன். எனக்கும் கண்ணீர் வந்துவிட்டது. அதைப் பார்த்து, டிக்கெட் கொடுக்க வந்த கண்டக்டர் "பரவால்லம்மா, பொறவு எடுங்க" என்று நகர்ந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் அத்தை நேரே அடுக்களைக்குள் போனார். நான் செல்வத்திடம், "பேட்டையில ஏதாவது ஒரு வீட்டுக்கு முன்பணம் குடுத்துருங்க. நாளைக்கே போயிருவோம்" என்றேன். அவர், "எந்த வீடு? ஏன் அழுத? என்ன ஆச்சு?" என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே உள்ளேயிருந்து ஒரு சத்தம் வந்தது. தம்ளர் விழுகிற சத்தம். அதைத் தொடர்ந்து, நான் அந்த வீட்டில் அதுவரை கேட்டேயிராத ஒரு சிரிப்பு.

அத்தை சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். பேச முடியவில்லை. கண்ணெல்லாம் தண்ணீர். "ஏலே செல்வம்... ஒம் பொண்டாட்டி... என்னைய ஏட்டின்னுட்டா லே! நான் எந்திச்சு நின்னுட்டேன் லே! கருப்பட்டி வாயில கெடக்கு, முழுங்கவும் முடியல, துப்பவும் முடியல! பஸ்ஸுல வரும்போது சிரிப்ப அடக்க முடியாம செத்தே போனேன்!"

செல்வம் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"மன்னிச்சிருங்க அத்தை, வாய் தவறி..."

"சவத்த விடு. எங்கம்மை போனதுக்கப்புறம் என்னைய ஏட்டின்னு கூப்பிட ஒரு ஆளு கெடையாது, தெரியுமா? எல்லாவனும் டீச்சர், டீச்சர்ங்கான். பள்ளிக்கூடத்துலயும் டீச்சர், ரோட்டுலயும் டீச்சர். கேட்டதும் உடம்பெல்லாம் சிலுத்துப் போச்சு." அவர் கண்ணைத் துடைத்தார். இந்த முறை அது சிரிப்புக் கண்ணீர்தானா என்று எனக்கு நிச்சயமில்லை. பிறகு என் பக்கம் திரும்பி, "மத்தியானம் ஒண்ணும் திங்கலதான நீ? வந்து தோசை சுடு. எனக்கும் பசிக்கி" என்றார்.

வாடகை வீட்டைப் பற்றி அதன் பிறகு செல்வம்தான் ஒருநாள் பேச்சை எடுத்தார், விவரம் தெரியாமல். அத்தை அவரை முறைத்த முறைப்பில், பட்டறைக்கு அன்றைக்குச் சாப்பாட்டுத் தூக்குவாளி இல்லாமலேயே ஓடிவிட்டார்.

அத்தை ஓய்வுபெற்று இப்போது வீட்டில்தான் இருக்கிறார். அந்தக் கதைக்கு மட்டும் ஓய்வே இல்லை. கல்யாண வீடு, சடங்கு வீடு, பால் காய்ப்பு என்று நாலு பேர் கூடிவிட்டால் போதும், ஆரம்பித்துவிடுவார். வருடத்துக்கு வருடம் கதை வளர்கிறது. முதலில் எழுந்து மட்டும் நின்றார். அடுத்த வருடம் நான் அவரை பெஞ்சு மேல் ஏற்றிவிட்டேன். போன மாதம் ஒரு வளைகாப்பில், வெயிலில் முட்டி போடவைத்துப் பிரம்பை ஓங்கினேனாம். வந்திருந்த பெண்கள் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுப் பிள்ளைகளைத் தங்கள் பக்கம் இழுத்துக்கொண்டார்கள்.

நான் மறுத்ததில்லை. ஏனென்றால் அவர் அந்தக் கதையை எப்போதும் ஒரே மாதிரித்தான் தொடங்குவார்: "எங்க வீட்டு மருமக ஒருநா என்ன செஞ்சா தெரியுமா?" அந்த முதல் மூன்று சொற்களுக்காக, பிரம்பு என்ன, அவர் என் கையில் அரிவாளையே கொடுத்தாலும் வாங்கிக்கொள்வேன்.