கூரையில் ஒட்டிய ஆயிரம்வாலா

அரைகுறையாகப் படித்தவனை வீட்டில் வைத்துச் சோறு போடலாம், தப்பில்லை. அவன் கையில் பசை வாளியை மட்டும் கொடுத்துவிடக் கூடாது.

அந்தக் கோடையில் எங்கள் பட்டாசு ஊரான திருத்தங்கலில் கரண்ட் வருவதே அபூர்வம். எங்கள் வீடு அப்பா கட்டிய பழைய சிமெண்ட் ஷீட் வீடு. வந்த கரண்டில் ஃபேன் போட்டாலும் அனல்தான் இறங்கும். தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த அக்கா ஈரத்துண்டைப் போர்த்திக்கொண்டு கிடந்தாள். இந்த வேக்காட்டில் மருமகளை விட்டுவைக்க முடியாது, ஞாயிற்றுக்கிழமை வந்து கூட்டிப்போகிறேன் என்று காரியாபட்டியிலிருந்து அவள் மாமியார் போன் செய்துவிட்டார். தலைப்பிரசவம் தாய்வீட்டில் இல்லையென்றால் ஊரில் எப்படித் தலைகாட்டுவது? அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை.

நான் எதற்கு இருக்கிறேன்? கூரையிலேயே வெயிலைத் தடுத்துவிட்டால் ஃபேனே வேண்டாம், கரண்ட் பில்லும் மிச்சம் என்று ஒரு வாரப்பத்திரிகையில் படித்திருந்தேன். (மீதி அடுத்த வாரம் என்று போட்டிருந்தது. அதுவரை பொறுக்க நான் என்ன மடையனா?) நான் வேலை பார்த்த பிரஸ்ஸில் வெடிப்பெட்டிக்கு அச்சடித்து வீணான சில்வர் பேப்பர் குவிந்து கிடந்தது. வெள்ளிப்பக்கம் மேலே, படம் கீழே. மைதாப் பசை காய்ச்சி உட்கூரை முழுக்க ஒட்டினேன். அண்ணாந்து பார்த்தால் அணுகுண்டு, சங்குசக்கரம், ஆயிரம்வாலா. சும்மா சொல்லக் கூடாது, அறை குளிர்ந்தது. அக்கா ஃபேன் இல்லாமலே தூங்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்த அத்தைக்கு (அக்காவின் மாமியாரை அப்படித்தான் கூப்பிடுவேன்) பட்டாசு என்றாலே நடுக்கம். மேலே பார்த்தவர், "தம்பி, நெசமாவே எதையும் அடச்சு வச்சிருக்கீகளோ?" என்றார். வெறும் பேப்பர் என்றேன். நம்பாத முகத்தோடு அக்கா பக்கத்தில் படுத்தார். கரண்ட் வந்தால் காற்று வரட்டும் என்று மரியாதைக்கு ஃபேன் சுவிட்சைப் போட்டுவைத்தேன்.

கரண்ட் வந்தது. பசை காய்ந்து பிரிந்து தொங்கிய தாள்கள் ஃபேனில் சிக்கி, ஆயிரம்வாலா கொளுத்தியதுபோலப் படபடபடவென்று வெடித்தன.

"ஏ தாயி, ஓடு" என்று அக்காவை இழுத்துக்கொண்டு அத்தை தெருவுக்கு ஓடினார். எங்கள் ஊரில் ஒருவர் ஓடினால் ஏன் என்று கேட்க யாரும் நிற்பதில்லை. பட்டாசு ஆலை வெடிவிபத்தில் சொந்தக்காரரைப் பறிகொடுத்த வீடுகள்தான் எல்லாம். தெருவே ஓடியது. "பேப்பர், பேப்பர்" என்று கத்திக்கொண்டு நான் பின்னால் ஓடினேன். (பழைய பேப்பர்க்காரன் என்றுகூட ஒருவரும் திரும்பவில்லை.)

விஷயம் தெரிந்ததும் அடி வாங்கத் தயாரானேன். அத்தையின் பையும் செருப்பும் உள்ளேயே கிடந்தன. மருமகளை மட்டும் காப்பாற்றிக்கொண்டு வந்திருந்தார். அதைப் பார்த்து அம்மா அழுதுவிட்டாள். அக்காவோ தலையில் ஆயிரம்வாலா பேப்பர்த் துண்டோடு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அத்தை அந்தத் துண்டைத் தட்டிவிட்டார்.

"எம்புட்டு நாளாச்சு இவ சிரிச்சு. இங்கனயே இருக்கட்டும். உள்ள குளுகுளுன்னுதான் இருக்கு. அந்த ஃபேன மட்டும் களட்டிருங்க தம்பி."

கழற்றினோம். இன்றுவரை மாட்டவில்லை. மின்சாரச் சிக்கனத்தில் என் ஒரே சாதனை அந்தக் காலிக் கொக்கிதான். அக்கா மகன் இப்போது கல்லூரியில் படிக்கிறான். கரண்ட் போய் வந்தால் போதும், "மாமா, ஓடணுமா?" என்று காரியாபட்டியிலிருந்து போன் போடுவான். நான் பதில் சொல்வதற்குள் பக்கத்தில் அத்தை செருப்பை மாட்டிவிடுவாராம்.